புது மெக்கானிக்கல் ஃபிலிம் கேமராவா, பழையதா?

மெக்கானிக்கல் கேமரா என்றால் பேட்டரியைக் கழற்றி வைத்துவிட்டாலும் ஷட்டர் (ஃபிலிமில் வெளிச்சம் விழும் நேரத்தைக் கட்டுப்படுத்தும் கதவு) எல்லா வேகத்திலும் இயங்க வேண்டும். பேட்டரி இருந்தால் அது வெளிச்சத்தை அளக்கும் லைட் மீட்டருக்கு மட்டும்தான். இந்த ஒரு அளவுகோலைக் கையில் வைத்துக்கொண்டு தேட ஆரம்பித்தால் புதியவற்றின் பட்டியல் மளமளவென்று சுருங்கிவிடும்.

2024-இல் வந்த பென்டாக்ஸ் 17-ஐப் பலரும் மெக்கானிக்கல் என்று நினைத்துக்கொள்கிறார்கள். ஃபிலிமை நகர்த்துவது, திருப்பிச் சுற்றுவது போன்ற வேலைகள்தான் கையால் நடப்பவை. ஷட்டர் எலெக்ட்ரானிக்; சிஆர்2 பேட்டரி தீர்ந்தால் படம் இல்லை. நல்ல கேமராதான், ஆனால் இந்தப் போட்டியில் அதற்கு இடமில்லை. பழையவற்றிலும் இதே குழப்பம் உண்டு. கேனான் ஏஇ-1 பார்ப்பதற்கு முழு இரும்புக் கேமரா போல இருக்கும், ஆனால் 6 வோல்ட் பேட்டரி இல்லாமல் ஷட்டர் அசையாது.

35 மி.மீ. ஃபிலிமுக்குப் புதிதாகக் கிடைக்கும் உண்மையான மெக்கானிக்கல் கேமரா என்று பார்த்தால் நடைமுறையில் லைக்காதான் மிஞ்சுகிறது. மீட்டரே இல்லாத எம்-ஏ (2014), மீட்டர் உள்ள எம்பி (2003), மறுபடி தயாரிப்புக்கு வந்த எம்6 (2022). மறுகோடியில் ஹோல்கா, கோடக் எக்டார் ஹெச்35 மாதிரி பிளாஸ்டிக் கேமராக்கள் இருக்கின்றன. ஹெச்35-இல் ஒரே ஷட்டர் வேகம், 1/100. ஒரே அப்பர்ச்சர் (லென்ஸில் வெளிச்சம் நுழையும் துளையின் அளவு), எஃப்/9.5. வெயிலில் படம் வரும். வெளிச்சத்தை நாம் கட்டுப்படுத்திப் பழக அதில் வழியே இல்லை. இந்த இரண்டு கோடிக்கும் நடுவில் வெற்றிடம். நிக்கான் எஃப்எம்3ஏ 2006-இல் நின்றுபோனது. கொசினா தயாரித்த பெஸ்ஸா வரிசையும் எஃப்எம்10-உம் நின்றுவிட்டன. பெரும்பாலானவர்கள் தேடுவது இந்த நடுத்தரக் கேமராவைத்தான். அது பழையதாக மட்டுமே இருக்கிறது.

ஆகவே புதிய லைக்கா ரேஞ்ச்ஃபைண்டரா (தனி ஜன்னல் வழியே பார்த்து, இரண்டு பிம்பங்களை இணைத்து ஃபோகஸ் செய்வது), 30 முதல் 50 வயதான எஸ்எல்ஆரா (உள்ளே உள்ள கண்ணாடி மூலம் லென்ஸ் வழியாகவே பார்ப்பது; படம் எடுக்கும்போது அந்தக் கண்ணாடி எகிறும்) என்பதுதான் நிஜமான கேள்வி. விலையில் இரண்டுக்கும் ஏணி வைத்தாலும் எட்டாது. லென்ஸ் கூட இல்லாத ஒரு புதிய எம்6 பாடியின் விலையில், லென்ஸோடு பல நிக்கான் எஃப்எம்2-களை வாங்கி ஒவ்வொன்றையும் சர்வீஸ் செய்துவிடலாம்.

புதியதில் காசுக்கு என்ன கிடைக்கிறது

முதலில், நிச்சயம். எண்ணெய் காயவில்லை, ஷட்டர் திரையில் ஓட்டை இல்லை, ரேஞ்ச்ஃபைண்டர் சரியாக இணைகிறது, கோளாறு வந்தால் உத்தரவாதம் இருக்கிறது. இரண்டாவது, உதிரி பாகம். இது சின்ன விஷயம் இல்லை. 1984-இல் வந்த முதல் எம்6-இன் மேல்தகடு துத்தநாகக் கலவை; அதில் கொப்புளம் கிளம்புவது தெரிந்த குறை. அதன் மீட்டர் சர்க்யூட் போனால் மாற்றுப் பலகை கிடைப்பது பெரும்பாடு. 2022 எம்6-இன் மேல்தகடு பித்தளை. மீட்டருக்கும் புதிய சர்க்யூட். எம்6தான் வேண்டும் என்று முடிவு செய்துவிட்டவர், நல்ல நிலையில் உள்ள பழைய எம்6-க்கும் புதியதற்கும் விலை வித்தியாசம் கொஞ்சம்தான் என்றால், யோசிக்காமல் புதியதை எடுக்கலாம்.

ஆனால் திறன் என்ற கணக்கில் புதியது ஒன்றும் முன்னேறிவிடவில்லை. துணித் திரை ஷட்டர், உச்ச வேகம் 1/1000, ஃபிளாஷ் ஒத்திசைவு (ஃபிளாஷோடு எடுக்கக்கூடிய உச்ச வேகம்) 1/50. 1982-இல் வந்த எஃப்எம்2-வில் உச்ச வேகம் 1/4000, ஃபிளாஷ் 1/200. இரண்டு வருடத்தில் அது 1/250 ஆனது. நல்ல வெயிலில் ஐஎஸ்ஓ 400 ஃபிலிமைப் போட்டு எஃப்/2.8-இல் முகத்தை மட்டும் தெளிவாக எடுக்க நினைத்தால் 1/1000 போதவே போதாது. நெருங்கி எடுப்பதிலும், நீள லென்ஸ் போடுவதிலும் ரேஞ்ச்ஃபைண்டர் எஸ்எல்ஆருக்கு ஈடாகாது. மங்கிய வெளிச்சத்தில் ஃபோகஸ் செய்யவும், கண்ணாடி எகிறும் அதிர்வு இல்லாமல் 1/15-இல் கையில் பிடித்து எடுக்கவும் ரேஞ்ச்ஃபைண்டருக்கு நிகரில்லை. அந்த வேலைதான் உங்கள் வேலை என்றால் புதிய லைக்கா வாங்க நியாயம் இருக்கிறது. அழகுக்காக வாங்குவது வேறு கணக்கு, அதில் வாதம் செய்ய ஒன்றுமில்லை.

பழையதில் எதற்கு எது

பென்டாக்ஸ் கே1000 (1976 முதல் 1997 வரை): எளிமை, தாராளமாகக் கிடைக்கும். மீட்டருக்குத் தனி சுவிட்ச் கிடையாது; லென்ஸ் மூடியைப் போட மறந்தால் எல்ஆர்44 பேட்டரி கரைந்துகொண்டே இருக்கும். பெயருக்காக விலை ஏறிவிட்ட கேமரா இது. அதே லென்ஸ்கள் பொருந்தும் எம்எக்ஸ் இன்னும் சிறியது, வ்யூஃபைண்டர் பெரியது.

நிக்கான் எஃப்எம், எஃப்எம்2: உறுதி என்றால் இவைதான். எஃப்எம் (1977) பழைய, ஏஐ அல்லாத (1977-க்கு முந்தைய அமைப்புள்ள) லென்ஸ்களையும் ஏற்கும், ஏனென்றால் லென்ஸ் மாட்டும் மவுண்ட் ஓரத்தில் உள்ள சிறு நாக்கை மடக்கிவைக்கலாம். எஃப்எம்2-வில் அந்த நாக்கு மடங்காது. 1977-க்கு முந்தைய, மாற்றம் செய்யப்படாத லென்ஸை அதில் திணித்தால் கேமராதான் அடிபடும்.

ஒலிம்பஸ் ஓஎம்-1: சிறியது, வ்யூஃபைண்டர் அற்புதம். இரண்டு நோய்கள். ப்ரிஸத்தை (பிம்பத்தை வ்யூஃபைண்டருக்குத் திருப்பும் கண்ணாடிக் கட்டி) சுற்றி வைத்த ஃபோம் மக்கி, ப்ரிஸத்தின் வெள்ளிப் பூச்சை அரித்துவிடும். வ்யூஃபைண்டரில் குறுக்கே கறுப்புக் கறையாகத் தெரியும். இரண்டாவது, மீட்டர் 1.35 வோல்ட் பாதரச பேட்டரிக்காக அமைக்கப்பட்டது. மினோல்டா எஸ்ஆர்டி 101-க்கும் கேனானின் கேனோனெட்டுக்கும் இதே கதைதான். அந்த பேட்டரி இப்போது கிடையாது. அதே அளவில் 1.5 வோல்ட் அல்கலைன் போட்டால் முள் அதிகமாக ஏறும், கேமரா வெளிச்சம் கூடுதல் என்று நம்பும், படம் கறுத்துவிடும். காது கேட்கும் கருவிக்கான 675 ஜிங்க்-ஏர் பேட்டரி சுமார் 1.4 வோல்ட், சுற்றி ஒரு ரப்பர் வளையம் போட்டால் அந்தக் குழியில் பொருந்தும். ஒட்டுத்தாளைப் பிரித்துவிட்டால் சில மாதங்கள்தான் தாங்கும். நிரந்தரமாக வேண்டும் என்றால் சர்வீஸின்போதே மீட்டரை 1.55 வோல்ட் சில்வர் ஆக்சைடு பேட்டரிக்கு அளந்து மாற்றித் தரச் சொல்லலாம்.

ஸோர்க்கி-4 போன்ற சோவியத் கேமராக்கள் மலிவு. ஷட்டரை ஏற்றிவிட்டுத்தான் வேகத்தை மாற்ற வேண்டும். முறை மாறினால் உள்ளே உடையும். முதல் கேமராவாக அவை வேண்டாம்.

பெட்டியே பிரிக்காத பழைய சரக்கு என்று சில வரும். அதைப் புதியது என்று எண்ணிக் கூடுதல் விலை கொடுக்காதீர்கள். ஃபோமும் எண்ணெயும் பெட்டிக்குள் இருந்தாலும் வயதாகத்தான் செய்யும். பல வருடம் இயங்காமல் கிடந்த ஷட்டரைவிட, வாரம் ஒரு ரோல் ஓடிய ஷட்டர் பெரும்பாலும் நல்ல நிலையில் இருக்கும்.

ஷட்டர்: எல்லாம் இங்கேதான்

பழைய கேமராவில் மற்ற எதுவும் சமாளிக்கக் கூடியது. மீட்டர் செத்திருந்தால் கையில் தனி மீட்டர், இல்லாவிட்டால் போன் செயலி. ஃபோம் மக்கியிருந்தால் ஒரு மாலை வேலை. ஷட்டர் அப்படி இல்லை.

துணித் திரை ஷட்டரில் இரண்டு திரைகள். முதலாவது ஓடித் திறக்கும், இரண்டாவது பின்னாலேயே ஓடி மூடும். இரண்டுக்கும் நடுவே உள்ள இடுக்கு வழியாகத்தான் ஃபிலிமில் வெளிச்சம் விழுகிறது. 36 மி.மீ. அகலத்தைத் திரை கடக்கச் சுமார் 15 மில்லிநொடி என்று வைத்துக்கொள்வோம். 1/1000 வேகத்தில் அந்த இடுக்கு ஏறத்தாழ 2.5 மி.மீ.தான். முதல் திரையின் உருளையில் எண்ணெய் காய்ந்து, அது அரை மில்லிநொடி தாமதமாகப் போய்ச் சேர்ந்தால், கடைசி ஓரத்தில் இடுக்கு பாதியாகிவிடும். படத்தின் ஒரு ஓரம் முழு ஒரு ஸ்டாப் (அதாவது வெளிச்சம் பாதியாக) கறுக்கும். தாமதம் ஒரு மில்லிநொடி என்றால் இடுக்கே மூடிவிடும். அந்த ஓரம் வெறும் கறுப்புப் பட்டை. அதே அரை மில்லிநொடிப் பிழை 1/500-இல் அரை ஸ்டாப்புக்கும் குறைவு, 1/60-இல் கண்ணுக்கே தெரியாது. அதனால்தான் விற்பவர் 1/125-இல் தட்டிக் காட்டி ‘அருமையாக வேலை செய்கிறது’ என்று சொல்வது பொய்யாக இருக்காது, ஆனால் போதவும் போதாது.

மெதுவான வேகங்களைக் கட்டுப்படுத்துவது தனியான ஒரு பல்சக்கரத் தொகுதி. அது பிசுபிசுத்தால் 1 நொடி ஒன்றரை நொடியாகும், அல்லது பாதியில் நின்றுபோகும். இது ஓரளவு எளிதான சர்வீஸ். திரை வேகம் கெட்டது அப்படி இல்லை. கருவி வைத்து அளந்து, ஸ்பிரிங் இறுக்கத்தைச் சரிசெய்ய வேண்டும்.

கையில் எடுத்ததும் செய்ய வேண்டியது: லென்ஸைக் கழற்றி, பின்மூடியைத் திறந்து, வெளிச்சமான வெள்ளைச் சுவரை நோக்கிப் பிடியுங்கள். 1 நொடியில் தொடங்கி ஒவ்வொரு வேகத்திலும் இரண்டு முறை தட்டுங்கள். 1/1000-இல் செவ்வகம் முழுதாகப் பளிச்சிட வேண்டும். ஒரு பக்கம் மங்கினால் மேலே சொன்ன கோளாறு. மெதுவான வேகங்களைப் போனில் நொடிக்கு 240 ஃபிரேம் ஸ்லோமோஷனில் எடுத்து எண்ணலாம்: 1/30 சுமார் 8 ஃபிரேம் திறந்திருக்க வேண்டும், 1/4 சுமார் 60. 1/60-க்கு மேல் இந்த முறை நம்பத்தக்கதல்ல. உலோகத் தகடு ஷட்டராக இருந்தால் தகடுகளில் எண்ணெய்ப் பளபளப்போ விரல் பட்ட நெளிவோ இருக்கிறதா என்று பாருங்கள். நெளிந்த தகடுள்ள கேமராவைக் கீழே வைத்துவிடுங்கள்.

1/1000 உண்மையில் 1/700 ஆக இருப்பது பழைய கேமராவில் சாதாரணம், அரை ஸ்டாப் கூடுதல் வெளிச்சம்தான். நெகட்டிவ் ஃபிலிம் அதைப் பொருட்படுத்தாது. ஸ்லைடு ஃபிலிம் பொருட்படுத்தும்.

ஃபோம், பேட்டரி குழி, லென்ஸ்

பின்மூடி விளிம்புப் பள்ளங்களில் கறுப்பு ஃபோம் தார் போல ஒட்டினால் மாற்ற வேண்டும். ஐசோப்ரோபைல் ஆல்கஹாலில் நனைத்த மரக்குச்சியால் சுரண்டி, 1.5 அல்லது 2 மி.மீ. ஃபோம் பட்டையை ஒட்டினால் முடிந்தது. துகள் ஷட்டர் பக்கம் விழாதபடி கேமராவைத் தலைகீழாகப் பிடித்துச் சுரண்டுங்கள். கண்ணாடி மோதும் இடத்தில் உள்ள ஃபோமையும் மாற்றுங்கள். ஆனால் கண்ணாடியையும் ஃபோகஸ் திரையையும் விரலால் தொடாதீர்கள். அந்தக் கண்ணாடியின் பூச்சு முன்பக்கத்தில் இருப்பதால் துடைத்தாலே கீறும்.

பேட்டரி குழியில் பச்சையோ வெள்ளையோ பூத்திருந்தால் வினிகர் தொட்ட பஞ்சால் துடைத்து, பிறகு ஆல்கஹாலால் துடைக்கலாம். கசிவு உள்ளே வயரிலும் ஏறியிருந்தால் மீட்டர் விட்டுவிட்டு வேலை செய்யும்.

லென்ஸை முழுதாகத் திறந்து, பின்னாலிருந்து டார்ச் அடித்துப் பாருங்கள். சிலந்தி வலை போலத் தெரிந்தால் பூஞ்சை. அப்பர்ச்சர் தகடுகளில் எண்ணெய் இருந்தால் அவை சட்டென்று மூடாது. படம் வெளுத்து வரும், பழி ஷட்டர் மேல் விழும். தூசு நாலைந்து துளி இருப்பதால் எந்தக் கேடும் இல்லை.

விலையை எப்படிக் கூட்டுவது

விற்பவர் ‘டெஸ்ட் செய்யவில்லை’ என்று எழுதியிருந்தால் ஓடாத கேமரா விலைக்கு மேல் தர வேண்டாம். ‘ஓடுகிறது’ என்றால் வாங்கும் விலையோடு முழு சர்வீஸ் செலவையும் கூட்டிக்கொள்ளுங்கள்: சுத்தம், எண்ணெய், அளந்து சரிசெய்தல். அந்தக் கூட்டுத்தொகையை, ஏற்கெனவே சர்வீஸ் செய்து ஷட்டர் அளவுச் சீட்டோடு விற்கும் கேமராவின் விலையோடு ஒப்பிடுங்கள். பெரும்பாலும் இரண்டாவதுதான் மலிவு. புதியதற்கும் பழையதற்கும் நடுவே நின்று தடுமாறுகிறவருக்கு எங்கள் பதில் இந்த மூன்றாவது வகைதான்.

விதிவிலக்கு, பெரிய வடிவ ஷீட் ஃபிலிம் கேமரா. அங்கே லென்ஸுக்கும் ஃபிலிமுக்கும் நடுவே உள்ள பழைய மடிப்புத் தோல் பையில் மூலைக்கு மூலை ஊசி ஓட்டை விழுந்திருக்கும். இன்ட்ரெபிட் போன்ற சிறு தயாரிப்பாளர்களின் புதிய 4×5 அங்குலப் பாடியை எடுத்து, ஷட்டரோடு பழைய லென்ஸைப் போடுவது நல்ல கலவை.

எதை வாங்கினாலும், திருப்பித் தரும் கெடு முடிவதற்குள் ஒரு ரோலைச் சோதனைக்கு ஒதுக்குங்கள். ஐஎஸ்ஓ 200 ஃபிலிம், வெயில் நேரடியாக விழாத, சீரான வெளிச்சமுள்ள ஒரு சுவர். 1/1000-இல் எஃப்/2.8, 1/500-இல் எஃப்/4, 1/250-இல் எஃப்/5.6, 1/125-இல் எஃப்/8, 1/60-இல் எஃப்/11, 1/30-இல் எஃப்/16 என்று ஆறு படங்கள். பிறகு ஒரு செய்தித்தாளைச் சாய்வாக வைத்து, ஒரு மீட்டரில், அப்பர்ச்சரை முழுதாகத் திறந்து நடு வரியில் ஃபோகஸ் செய்து இரண்டு படங்கள். அடுத்து, லென்ஸ் மூடியோடு கேமராவை ஐந்து நிமிடம் வெயிலில் திருப்பித் திருப்பிக் காட்டிவிட்டு ஃபிலிமை நகர்த்துங்கள். விளிம்பிலிருந்து கீற்று பாய்ந்திருந்தால் ஃபோம். எல்லாப் படத்திலும் ஒரே இடத்தில் புள்ளி வந்தால் திரையில் ஓட்டை.

லேபிலிருந்து வரும் ஸ்கேனை வைத்து முடிவு செய்யாதீர்கள். ஸ்கேனர் ஒவ்வொரு படத்தின் வெளிச்சத்தையும் தானாகவே சமன் செய்துவிடும், ஷட்டர் பிழை அதில் மறைந்துபோகும். நெகட்டிவையே கேட்டு வாங்கி ஜன்னல் வெளிச்சத்தில் பிடியுங்கள். சுவர்ப் படங்கள் ஆறும் ஒரே அடர்த்தியில், ஒரு ஓரத்திலிருந்து மறு ஓரம் வரை ஒரே சீராக இருந்தால் கேமராவை வைத்துக்கொள்ளலாம். ஒன்று மட்டும் வேறுபட்டால் எந்த வேகம் கெட்டிருக்கிறது என்று அந்தப் படமே சொல்லிவிடும். சர்வீஸுக்குக் கொடுக்கும்போது நெகட்டிவையும் கூடவே கொடுங்கள்.