‘கூடுதலா போட்டுட்டேன் சார்’: உஷாராக இருந்தும் 27,000 ரூபாய் போன கதை

பழைய சாப்பாட்டு மேசை ஒன்றை விற்கப் போய் 27,000 ரூபாயைத் தொலைத்தேன். மேசைக்கு நான் சொன்ன விலையே 14,000 தான். வாங்க வந்தவனுக்கு விற்கிறவன் பணம் கொடுத்தான் என்று சொன்னால் யாருக்கும் சிரிப்பு வரும். என் மைத்துனர் அடக்க முடியாமல் சிரித்தேவிட்டார். சிரித்து முடித்ததும், ‘மாமா, இதை எழுதிப் போடுங்க, நாலு பேர் தப்பிப்பாங்க’ என்றார். அதனால்தான் எழுதுகிறேன்.

போன மாதம் திருச்சியிலிருந்து கோவைக்கு வீடு மாற்றினோம். புது வீட்டில் சாப்பாட்டு மேசைக்கு இடமில்லை. தேக்கு மேசை, நான்கு நாற்காலி, ஒரு காலில் மட்டும் லேசான கீறல். திருச்சியை விட்டுக் கிளம்பும் முன்பே படம் எடுத்து, பழைய பொருள் விற்கும் ஒரு செயலியில் சனிக்கிழமை காலை போட்டேன். பத்து நிமிடம்கூட ஆகவில்லை, வாட்ஸ்அப்பில் அழைப்பு வந்தது.

முகப்புப் படத்தில் ராணுவச் சீருடை, கையில் ஒரு குழந்தை. பேச்சு நல்ல தமிழ், மதுரைப் பக்கத்து இழுவை. ‘வணக்கம் சார், டேபிள் இருக்கா? நான் ஆர்மில இருக்கேன். இப்பதான் திருச்சிக்கு மாற்றலாகி ஃபேமிலியோட வரேன்’ என்றார். கீறலைப் பற்றி நானே சொன்னேன். ‘பரவாயில்ல சார்’ என்றார். விலையையும் குறைத்துக் கேட்கவில்லை. நம் ஊரில் கொத்தமல்லிக் கட்டுக்கே பேரம் பேசுவோம், 14,000 ரூபாய் மேசையை நேரில் பார்க்காமல் ஒருவர் வாங்குகிறார். அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும். உறைக்கவில்லை. ‘சின்ன யானை’ வண்டி ஒன்று மதியம் வந்து ஏற்றிக்கொள்ளும், பணத்தை இப்போதே போட்டுவிடுகிறேன் என்றார். நான் கேட்காமலே அடையாள அட்டையின் படத்தையும் அனுப்பினார்.

இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். நான் விஷயம் தெரியாத ஆள் இல்லை. கியூஆர் கோடு மோசடி எனக்கு நன்றாகவே தெரியும். ‘இதை ஸ்கேன் பண்ணி பின் நம்பர் போடுங்க, உங்க கணக்குல பணம் ஏறும்’ என்பார்கள், நம்பிப் போட்டால் நம் பணம் போகும். 2016-ல் யுபிஐ வந்த நாளிலிருந்து இருக்கும் விதிதான் இது: பணம் வெளியே போகத்தான் பின் வேண்டும், உள்ளே வருவதற்கு எதுவுமே வேண்டாம். தனியாள் தனியாளிடம் ‘இவ்வளவு பணம் கொடு’ என்று யுபிஐயில் கோரிக்கை அனுப்பும் வசதியை 2025 அக்டோபர் 1 முதல் நிறுத்திவிட்டார்கள் என்பதும் தெரியும். இந்த வகைக் கும்பல்களைப் பற்றிய செய்திகளில் ராஜஸ்தானின் பரத்பூர், ஹரியானாவின் நூ என்று அடிக்கடி வரும். அதனால் மோசடிக்காரன் என்றால் இந்தியில்தான் பேசுவான் என்று மனதில் ஒரு படம் வரைந்து வைத்திருந்தேன். மதுரைத் தமிழில் வந்தவனுக்கு அந்தப் படத்தில் இடமே இல்லை.

நான் எதிர்பார்த்தபடியே முதலில் கியூஆர் கோடுதான் வந்தது. எனக்குள் ஒரு சந்தோஷம், மாட்டிக்கொண்டான் என்று. ‘இதெல்லாம் நம்மகிட்ட வேண்டாம் தம்பி, பணம் வாங்க நான் எதுக்கு ஸ்கேன் பண்ணணும்?’ என்று கேட்டேன். அவன் கோபப்படவில்லை, போனை வைக்கவும் இல்லை. ‘நீங்க சொல்றது சரிதான் சார். எங்க யூனிட் அக்கவுண்ட்ல இப்படித்தான் சொல்லச் சொன்னாங்க. உங்கள மாதிரி உஷாரா இருக்கறது நல்லது சார். நம்பர் மட்டும் குடுங்க, நானே ஜிபே பண்றேன்’ என்றான்.

அந்தப் பாராட்டில்தான் நான் விழுந்தேன். இனி இவன் என்னை ஏமாற்ற முடியாது, அதான் கண்டுபிடித்துவிட்டோமே என்ற தெம்பு வந்துவிட்டது.

‘முதல்ல ஒரு ரூபா போடறேன் சார், வந்துச்சான்னு பாருங்க.’ வந்தது. உண்மையான ஒரு ரூபாய், என் வங்கியிலிருந்து உண்மையான குறுஞ்செய்தி. ‘வந்துடுச்சு’ என்றேன். ‘இப்ப மீதியப் போடறேன் சார்.’

நான் அப்போது பாத்திரங்களைச் செய்தித்தாளில் சுற்றி அட்டைப்பெட்டியில் அடுக்கிக்கொண்டிருந்தேன். போன் ஸ்பீக்கரில் இருந்தது. திரையின் மேலே ஒரு செய்தி எட்டிப்பார்த்தது: உங்கள் கணக்கில் ரூ.41,000 வரவு வைக்கப்பட்டது, தேதி, ஏதோ ஒரு எண். சற்று முன் வந்த ஒரு ரூபாய்ச் செய்தியின் அதே நடை, அதே சுருக்கெழுத்து. நான் வாய் திறப்பதற்குள் அந்தப் பக்கம் கத்தல். ‘ஐயோ சார்! பதினாலுக்கு நாப்பத்தொண்ணுன்னு போட்டுட்டேன் சார்! கூடுதலா போட்டுட்டேன் சார்!’

பதினான்கு, நாற்பத்தொன்று. யாருக்கும் வரக்கூடிய கைத்தவறு. யோசித்துப் பார்த்தால் அந்த எண்ணைத் தேர்ந்தெடுத்தவனுக்கு மூளை இருக்கிறது. மனைவியைப் பிரசவத்துக்கு மருத்துவமனையில் சேர்த்திருக்கிறதாம், அதற்கு வைத்திருந்த பணமாம். பின்னால் ஒரு பெண் குரல் அழுதது. ‘27,000 திருப்பிப் போட்ருங்க சார், உங்க கால்ல விழறேன்.’ நான் என் பங்குக்கு அவனைத் தேற்றினேன்! ‘பதறாதீங்க தம்பி, அடுத்தவங்க காசு எனக்கெதுக்கு?’

எண்ணைக் கொடுத்தான். பணம் அனுப்பும் முன் செயலி எதிராளியின் கணக்குப் பெயரைக் காட்டும் இல்லையா, அதில் வேறு ஏதோ ஒரு பெண் பெயர். கேட்டேன். ‘வைஃப் அக்கவுண்ட் சார், ஆஸ்பத்திரில கட்டணும்ல.’ சரி என்று 20,000 அனுப்பினேன். மொத்தமாகப் போட்டால் நிற்கும், இரண்டாகப் போடுங்கள் என்று அவன்தான் சொன்னான். அடுத்து 7,000. ‘தெய்வம் சார் நீங்க’ என்று அழைப்பைத் துண்டித்தான்.

கையைத் துடைத்துக்கொண்டு போனை எடுத்தபோதுதான் வங்கியிலிருந்து வந்த இரண்டு பற்றுச் செய்திகளையும் படித்தேன். கடைசிச் செய்தியின் முடிவில் மீதி இருப்பு 11,613 ரூபாய் என்று இருந்தது. காலையில் என் கணக்கில் இருந்தது 38,612. 41,000 வந்திருந்தால் எப்படி 11,613 ஆகும்? அந்தக் கணக்கைப் போடவே எனக்கு ஐந்து நிமிடம் ஆனது, மூளை ஒத்துழைக்கவில்லை. கல்லூரியில் படிக்கும் மகள் போனை வாங்கிப் பார்த்துவிட்டு, ‘அப்பா, பேங்க் எங்கயாவது பத்து நம்பர் போன்ல இருந்து மெசேஜ் அனுப்புமா?’ என்று கேட்டாள்.

அவ்வளவுதான் அந்த வித்தை. அந்த 41,000 செய்தியை அவனே இன்னொரு போனிலிருந்து தட்டி அனுப்பியிருக்கிறான். திரையின் மேலே எட்டிப்பார்க்கும் துண்டில் செய்திதான் பளிச்சென்று தெரியும், அனுப்பியவர் யார் என்பது சின்ன எழுத்தில் ஓடிவிடும். வங்கிச் செய்தி வேறு மாதிரி வரும்: இரண்டு எழுத்து, ஒரு கோடு, வங்கியைக் குறிக்கும் ஆறு எழுத்து. இப்போது கடைசியில் இன்னொரு கோடும் ஓர் எழுத்தும் சேர்ந்து வருகிறது. பரிவர்த்தனைச் செய்தி என்றால் டி, சேவைச் செய்தி என்றால் எஸ், விளம்பரம் என்றால் பி, அரசு என்றால் ஜி. பத்து இலக்க எண்ணிலிருந்து ‘வரவு’ என்று வந்தால், யாரோ தட்டெழுதியது என்று அர்த்தம். அந்தச் செய்தியில் மீதி இருப்பும் இல்லை. என் கணக்கில் எவ்வளவு இருக்கிறது என்று அவனுக்கு எப்படித் தெரியும்?

அப்புறம் நான் செய்த இரண்டாவது முட்டாள்தனம். உடனே 1930-ஐ அழைக்காமல் அவனையே அழைத்தேன். எடுக்கவில்லை. திட்டி ஒரு நீளமான குரல் செய்தி அனுப்பினேன். அது போய்ச் சேரவேயில்லை, அதற்குள் என்னை பிளாக் செய்துவிட்டான். கூகுளில் வங்கியின் வாடிக்கையாளர் எண்ணைத் தேடி ஏதோ ஓர் எண்ணை அழைத்தேன் (இது பின்னால் வரும்). இப்படியே நாற்பது நிமிடம் போய்விட்டது. 1930 என்பது நாடு முழுவதுக்குமான இணையவழிப் பணமோசடி உதவி எண். அங்கே தமிழில்தான் பேசினார்கள். பணம் போன நேரம், என் வங்கி, தொகை, ஒவ்வொரு பரிவர்த்தனைக்கும் உரிய 12 இலக்க எண், இவ்வளவுதான் கேட்டார்கள். அந்த எண் செயலியில் பரிவர்த்தனையைத் தட்டினால் கிடைக்கும். தேடி எடுத்து வைத்துக்கொண்டு அழைத்தால் இரண்டு நிமிட வேலை. புகார் எண் ஒன்று வந்தது. அதை வைத்து மத்திய அரசின் சைபர் கிரைம் இணையதளத்தில் முழுப் புகாரையும் 24 மணி நேரத்துக்குள் பதிய வேண்டும் என்றார்கள். பதிந்தேன்.

இரண்டாவதாகப் போன 7,000 மட்டும் அந்தக் கணக்கிலேயே முடக்கப்பட்டது. முதலில் போன 20,000-ஐ ஏடிஎம்மில் எடுத்துவிட்டார்களாம். அந்த நாற்பது நிமிடத்தை நினைத்தால் இன்றும் வயிறு எரிகிறது. முடங்கிய 7,000 இன்னும் என் கைக்கு வரவில்லை.

வங்கிக் கிளைக்குப் போனேன். 2017 ஜூலையில் ரிசர்வ் வங்கி போட்ட சுற்றறிக்கையைப் பற்றிப் படித்திருந்தேன். நமக்குத் தெரியாமல் நம் கணக்கிலிருந்து பணம் போயிருந்து, தவறு நம்முடையதாகவோ வங்கியுடையதாகவோ இல்லாமல், மூன்று வேலை நாளுக்குள் சொல்லிவிட்டால், இழப்பு நம் தலையில் விழாது. அதைச் சொன்னேன். மேலாளர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, ‘பின் போட்டது யாரு சார்?’ என்றார். நான்தான். அதற்கு மேல் பேச என்னிடம் ஒன்றும் இல்லை. ஆனால் அவர் ஒன்று சொன்னார், அது எனக்கு முன்பே தெரிந்திருந்தால் இந்தப் பதிவே இருந்திருக்காது: ‘நிஜமாவே ஒருத்தர் கூடுதலா போட்டுட்டாருன்னா, அவர் தன்னோட பேங்க்ல புகார் கொடுக்கட்டும். பேங்க் உங்ககிட்ட கேக்கும். நீங்களா அனுப்ப வேண்டிய அவசியம் இல்லை.’

காவல் நிலையத்தில் அந்த அடையாள அட்டைப் படத்தைக் காட்டினேன். இதையே பல பேர் கொண்டுவந்திருக்கிறார்கள் என்று சிரித்தார் சைபர் பிரிவு உதவி ஆய்வாளர். உண்மையான ஒரு வீரரின் அட்டை எங்கோ நகலாகி இவர்கள் கையில் சுற்றிக்கொண்டிருக்கலாம். அதனால் அதை இங்கே போடவில்லை. அட்டைக்கு உரியவர் யாரோ, அவருக்கே தெரியாமல் எத்தனை பேர் சாபத்தை வாங்குகிறாரோ.

கோவையில் எங்கள் தெருமுனை டீக்கடையில் 12 ரூபாய் டீக்கு ஜிபே செய்துவிட்டுப் பச்சை டிக்கைக் காட்டினால், கடைக்காரர் நிமிர்ந்துகூடப் பார்ப்பதில்லை. ‘பொட்டி சொல்லட்டும்ணா’ என்பார். கல்லாவில் இருக்கும் சிறிய ஸ்பீக்கர் ‘பன்னிரண்டு ரூபாய் பெறப்பட்டது’ என்று சொன்னால்தான் கிளாஸ் கைக்கு வரும். பச்சை டிக்கும் சத்தமும் அச்சு அசலாகக் காட்டும் போலிச் செயலிகளே இருக்கின்றன, அதில் ஏற்கெனவே அடிபட்டவர் அவர். முதலில் எனக்கு அவமானமாக இருந்தது. இப்போது நானே போனைக் காட்டாமல் பெட்டி சொல்லும்வரை நிற்கிறேன்.

கூகுளில் தேடி அழைத்த எண்ணைப் பற்றிச் சொல்கிறேன் என்றேன் அல்லவா? அது வங்கியின் எண்ணே இல்லை. நான்கு நாள் கழித்து அங்கிருந்து ஓர் அழைப்பு. ‘சைபர் செல்லிலிருந்து பேசறோம், உங்க 27,000 ரிகவர் ஆயிடுச்சு. 2,999 ரூபாய் பிராசஸிங் கட்டணம் கட்டினா இன்னிக்கே ஏறிடும்’ என்றார்கள். முதலில் என் பணத்தைப் போடுங்கள், அதிலேயே 2,999-ஐக் கழித்துக்கொள்ளுங்கள் என்றேன். கொஞ்ச நேரம் சத்தமில்லை.

‘சரி சார், உங்க அக்கவுண்ட் ஆக்டிவா இருக்கான்னு பாக்க முதல்ல ஒரு ரூபா போடறோம்.’

போட்டார்கள். வங்கிச் செயலியைத் திறந்து பார்த்தேன், ஒரு ரூபாய் ஏறியிருந்தது. அதை நான் திருப்பி அனுப்பவில்லை.