பத்துமலையா, நல்லூரா? மும்பையிலிருந்து கடல் தாண்டும் முருக பக்தர்களுக்கு

செம்பூரிலும் மாட்டுங்காவிலும் குடும்பத்தோடு முதல் வெளிநாட்டுப் பயணம் என்று பேச்சு எழுந்தால், "அப்படியே ஒரு முருகன் கோயிலும் பார்த்துட்டு வரலாமே" என்று வீட்டுப் பெரியவர் ஒருவர் சொல்வார். உடனே எல்லார் வாயிலும் வருவது மலேசியாவில் கோலாலம்பூரை ஒட்டியிருக்கும் பத்துமலைதான். மும்பையிலிருந்து கோலாலம்பூருக்கு நேர் விமானம் இருக்கிறது. இந்திய பாஸ்போர்ட்டுக்கு 2026 முடியும்வரை விசா தேவையில்லை. டிஜிட்டல் வருகை அட்டையைப் போய் இறங்குவதற்கு முந்தைய மூன்று நாளுக்குள் நிரப்பினால் போதும். வசதி என்று பார்த்தால் போட்டியே இல்லை. ஆனாலும் ஒரு கோயிலுக்குத்தான் போக முடியும் என்றால் நான் இலங்கையில் யாழ்ப்பாணத்து நல்லூர் முருகன் கோயிலைத்தான் சொல்வேன்.

அதற்காகப் பத்துமலையைக் குறைத்துப் பேச மாட்டேன். கோலாலம்பூரில் 1873இல் எழுந்த மகா மாரியம்மன் கோயிலோடு தொடர்புடைய தம்புசாமிப் பிள்ளைதான் இந்தச் சுண்ணாம்புக் குன்றின் குகையில் வேலை நட்டவர். 1892 முதல் அங்கே தைப்பூசம் நடக்கிறது. தோட்டங்களிலும் ரயில் பாதையிலும் உழைக்கக் கப்பலேறிப் போன நம் சனங்கள், காடும் காய்ச்சலும் சூழ்ந்த ஊரில் தங்களுக்கென்று தேடிக்கொண்ட மலை அது. இன்று போகிறவர்களில் பலர் 42.7 மீட்டர் உயரச் சிலையையும் வண்ணப் படிகளையும் படமெடுத்துத் திரும்பிவிடுகிறார்கள். சிலை வந்தது 2006இல், படிகளுக்கு அந்த வண்ணம் ஏறியது 2018இல். அதற்கெல்லாம் முன்பிருந்தே இருக்கிற குகைச் சன்னிதியில் கால் மணி நேரம்கூட உட்காராமல் வருவது எனக்குத் தாங்காது. தைப்பூசத்துக்கு வெள்ளி ரதம் புறப்படுவது நகரத்துக்குள் இருக்கும் அந்த மாரியம்மன் கோயிலிலிருந்துதான். முதலில் அங்கே கும்பிட்டுவிட்டு மலைக்குப் போங்கள்.

மொத்தம் 272 படிகள், நல்ல செங்குத்து. செம்பூர் செட்டா நகர் முருகன் கோயிலின் 108 படிகளையே நின்று நின்று ஏறுகிற அப்பா அம்மாவை விடியற்காலையிலேயே கூட்டிப் போக வேண்டும். வெயில் ஏறிவிட்டால் சிரமம். ஏற முடியாதவர்கள் அடிவாரத்துச் சன்னிதிகளில் கும்பிடலாம். கையில் பழமோ பையோ தெரிந்தால் குரங்கு பறித்துவிடும். முழங்கால் தெரியும் உடையில் பெண்களை மேலே விட மாட்டார்கள், கீழேயே துணி வாடகைக்குக் கிடைக்கும். கேஎல் சென்ட்ரலிலிருந்து வரும் கொமுட்டர் ரயில் கோயிலை ஒட்டியே நிற்கிறது, டாக்சிக்குச் செலவழிக்க வேண்டாம்.

நல்லூரில் கண்ணை இழுக்கும்படியான மலையோ மாபெரும் சிலையோ கிடையாது. கருவறையில் இருப்பது வேல். போர்த்துக்கீசியர் 17ஆம் நூற்றாண்டில் இடித்துத் தள்ளிய கோயிலை டச்சுக்காரர் காலத்தில் மறுபடி எழுப்பினார்கள். அண்மைக் காலப் போரையும் கடந்து பூசை தொடர்கிறது. ஆண்கள் யாராக இருந்தாலும் மேல்சட்டையைக் கழற்றித்தான் உள்ளே போக வேண்டும். படம் எடுக்க அனுமதியில்லை. அர்ச்சனைச் சீட்டு ஒரு ரூபாய், அதுவும் இலங்கை ரூபாய். பூசை மணி தவறாது. சொன்ன நேரத்துக்குத் திரை விலகும். தரிசனத்துக்கு விலை வைத்த கோயில்களைப் பார்த்துப் பார்த்துச் சலித்தவர்களுக்கு இந்த ஒழுங்கே பெரிய ஆறுதல். விடியற்காலை வெளிவீதி மணலில் ஆண்கள் உருண்டு வலம்வந்து பிரதட்டை செய்வதையும், பெண்கள் அடிக்கு அடி விழுந்து கும்பிட்டு அடியழித்து வருவதையும் ஒருமுறை பார்த்தால் பக்தி என்றால் என்ன என்று குழந்தைகளுக்கு நாம் விளக்க வேண்டியிருக்காது. சுற்றிலும் எல்லார் பேச்சும் தமிழ். பள்ளியில் மராத்தியும் இந்தியும், நண்பர்களோடு ஆங்கிலமும் பேசி வளரும் மும்பைப் பிள்ளைகளுக்குக் கடைப் பலகை முதல் பஸ் அறிவிப்பு வரை தமிழாக இருக்கும் வெளிநாட்டு நகரம் ஒன்றைக் காட்ட வேண்டும் என்பதும் என் ஆசை.

இலங்கையின் தெற்கே இருக்கும் கதிர்காமம் முருகன் கோயிலையும் சேர்த்துக் கேட்பார்கள். அருணகிரிநாதர் பாடிய தலம், மாணிக்க கங்கையில் குளித்துப் போய் வணங்குவது. பூசை செய்பவர்கள் கப்புறாளைமார் என்னும் சிங்களப் பூசகர்கள். வாயைத் துணியால் கட்டிக்கொண்டு பேசாமல் செய்வார்கள். திரைக்குப் பின்னால் இருப்பதை நாம் பார்க்க முடியாது, திரையைத்தான் கும்பிட வேண்டும். அதற்கு மனம் பழுத்திருக்க வேண்டும். முதல் பயணத்துக்கு நான் சொல்ல மாட்டேன்.

நல்லூரின் குறை, போய்ச் சேரும் வழி. மும்பையிலிருந்து நேர் விமானம் இல்லை. சென்னை போய் அங்கிருந்து சிறிய விமானத்தில் யாழ்ப்பாணத்து விமான நிலையமான பலாலியில் இறங்குவது நல்லது. கொழும்பு வழி என்றால் அங்கிருந்து யாழ்ப்பாணம் போக ஒரு பகல் ஓடிவிடும், வயதானவர்களுக்கு அது வேண்டாம். இலங்கைக்கு ஈடிஏ (ETA) என்னும் மின்னணுப் பயண அனுமதியை இணையத்தில் முன்கூட்டியே வாங்கிக்கொள்ள வேண்டும். தீபாவளி விடுமுறையில் அங்கே வடகிழக்குப் பருவமழை. மே மாதம் வெயில் கொளுத்தும். ஆடி அமாவாசைக்கு ஆறாம் நாள் கொடியேறி 25 நாள் திருவிழா, 24ஆம் நாள் தேர், மறுநாள் தீர்த்தம். தேருக்குப் போவதென்றால் பலாலி டிக்கெட்டையும் தங்கும் அறையையும் ஏப்ரலிலேயே பிடித்துவிடுங்கள். வெளிநாடுகளில் இருக்கும் யாழ்ப்பாணத்தார் அந்த வாரத்துக்குத்தான் ஊர் திரும்புவார்கள், அறை கிடைக்காது.