ஏடிஎம் ‘பவுண்டில் கழிக்கவா?’ என்று கேட்டால் மறுத்துவிடுங்கள்

வெளிநாட்டு வங்கி அட்டையோடு வந்த சொந்தக்காரர் யாராவது உங்கள் வீட்டில் தங்கியிருந்தால், இதை அவர்களுக்கும் காட்டுங்கள்.

லண்டன் சித்திக்குக் கைச்செலவுக்குக் காசு வேண்டியிருந்தது. கொழும்பு வெள்ளவத்தையில் காலி வீதியோரம் இருந்த ஒரு ஏடிஎம்முக்குப் போனோம். 40,000 ரூபா என்று அடித்ததும் காசு வரவில்லை, இன்னொரு பக்கம் வந்தது. ஒரு பவுண்டுக்கு 372 ரூபா வீதம், மொத்தம் 107 பவுண்ட் 53 பென்ஸ். ஏற்கிறீர்களா, மறுக்கிறீர்களா? முதலிலேயே தமிழைத் தெரிவு செய்திருந்தோம். இந்தப் பக்கம் மட்டும் ஆங்கிலம்.

“மறுத்தா காசு வராதோ தம்பி?” என்றார் சித்தி. யாருக்கும் அப்படித்தான் தோன்றும். பின்னால் வரிசை வேறு. ஏற்றுக்கொண்டார்.

வெளியே வந்தால், பக்கத்து நாணய மாற்றுக் கடையின் பலகையில் பவுண்ட் 398. ஏழு பவுண்ட் அநியாயமாகப் போயிற்று. ஏடிஎம் கட்டணம் அது போகத் தனி.

வங்கிக் கிளைக்குள் போய்க் கேட்டேன். மேசையில் இருந்தவர் பற்றுச்சீட்டின் அடியில் பொடி எழுத்தில் இருந்த வரியைக் காட்டினார்: வாடிக்கையாளர் தாமே விரும்பித் தெரிவு செய்தாராம். “அவங்கதானே அமத்தினாங்க சேர், ஒண்டும் செய்ய ஏலாது.”

விஷயம் இதுதான்: மறுத்தாலும் காசு வரும். அப்போது கணக்கு ரூபாவிலேயே போய், விசா அல்லது மாஸ்டர்கார்ட் தன் வீதத்தில் மாற்றும். அட்டை தந்த வங்கிக்குக் கட்டணம் இருந்தால் அதுவும் சேரும், ஆனாலும் பெரும்பாலும் இதுதான் மலிவு. ஏற்றுக்கொண்டால் வீதத்தை வைப்பது ஏடிஎம்காரர்கள், லாபமும் அவர்களுக்கே. சில வங்கிகள் அதற்கு மேலும் தங்கள் வெளிநாட்டுக் கட்டணத்தைப் போட்டுவிடும். வாடிக்கையாளரைக் கேட்காமல் மாற்றக்கூடாது என்பது விதி; கேட்கிற விதம்தான் இந்த லட்சணம்.

கடன் அட்டையில் காசு எடுப்பதைப் பற்றிப் பேசவே வேண்டாம், பெரும்பாலான வங்கிகள் அன்றிலிருந்தே வட்டி போடும்.

கடைகளிலும் இதே கூத்துதான். அப்புறம் ஒரு சாறிக் கடையில் காசாளர் எங்களைக் கேட்காமலே பவுண்டை அழுத்திவிட்டார். இந்த முறை சித்தி சீட்டைப் பார்த்தார். “இதை ரத்துச் செய்துபோட்டு ரூபாயில போடுங்கோ.” முணுமுணுத்தபடி போட்டுக் கொடுத்தார்கள்.