விறகு ஸ்டவ் பைப் சுவரைத் தாண்டுற இடத்துல ஃபயர் சிமென்டா, சிலிக்கானா?

கோத்தகிரி வீட்டுல விறகு ஸ்டவ் வெச்சு ரெண்டு வருஷம் ஆச்சு. 6 அங்குல எஸ்எஸ் (ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்) புகை பைப், ஒன்றரை அடி கல்லுச் சுவரைத் தாண்டி வெளிய போகுது. கொத்தனார் சுத்தி சாதா சிமென்ட் கலவைய அடைச்சு பூசிட்டுப் போயிட்டார். மொத குளிர்காலத்துலயே பைப்பச் சுத்தி நகம் நுழையற அளவு விரிசல் விட்டுச்சு, அடுத்த மழைக்கு வெள்ளச் சுவர்ல தார் மாதிரி பழுப்புத் தண்ணி கோடு கோடா இறங்கிடுச்சு. அதுக்கப்பறம்தான் எத வெச்சு அடைக்கணும்னு உட்கார்ந்து பாத்தேன்.

சில விஷயங்கள்ல யோசிக்கவே வேணாம். பியூ ஃபோம் (ஸ்ப்ரே பண்ணா உப்பி இறுகற நுரை) எரியும், எபாக்சி சூட்டுல இளகிடும், கண்ணாடிக்கு அடிக்கிற சாதா சிலிக்கான் இந்தச் சூட்டுக்கு ஆகாது. மிஞ்சறது ரெண்டுதான், ஃபயர் சிமென்ட் (அடுப்பு இடுக்க அடைக்கிற, தீ தாங்குற கலவை), இல்லன்னா சூடு தாங்குற (ஹை டெம்ப்) சிலிக்கான்.

டப்பாவப் பாத்தா ஃபயர் சிமென்ட்தான் ஜெயிக்கும், 1200 டிகிரிக்கு மேல போட்டிருப்பாங்க. ஹை டெம்ப் சிலிக்கான்ல பெரும்பாலும் 260 டிகிரி, கொஞ்ச நேரத்துக்கு 300 சொச்சம். ஆனா சுவருக்குள்ள பைப்புக்கு அவ்ளோ சூடு கெடயாது. நான் ஐஆர் கன்னால (தொடாமலே சூடு அளக்கற கருவி) பாத்தேன் (பளபள எஸ்எஸ் மேல நேரா புடிச்சா கம்மியாதான் காட்டும், கறுப்பு ஹீட் பெயின்ட் ஒரு பொட்டு வெச்சு அதுல பாக்கணும்), சீகை விறகு நல்லா எரியும்போது ஸ்டவ் கழுத்துகிட்ட 280, சுவருக்கு வெளிய 140 சுமார்.

அதனால இங்க முடிவு பண்றது சூடு இல்ல, அசைவு. எஸ்எஸ் பைப் ரெண்டு மீட்டர் நீளம் 250 டிகிரி சூடு ஏறினா எட்டு மில்லிமீட்டருக்கு மேல நீளும், ஆறினா திரும்பச் சுருங்கும், தினம் சாயங்காலம் ஒரு தடவ சுவருக்குள்ள முன்னயும் பின்னயும் நகருதுன்னு வெச்சுக்கோங்க, கல்லு மாதிரி இறுகிப் போற எதுவும் அந்த இடத்துல நிக்காது, ஒண்ணு அது விரியும், இல்ல பைப்ப விட்டு வாய் பொளக்கும். ஃபயர் சிமென்டும் இறுகிப் போற ஜாதிதான். சூடுபட்டு இறுகறதுக்கு முன்னாடி மழை பட்டா கரையவும் செய்யும். சரி பண்றதுன்னா உளி வெச்சு கொத்தி எடுக்கணும், பைப் நசுங்கிடுமோன்னு பயந்துகிட்டே. சிலிக்கான்னா பிளேடால கீறி உரிச்சுட்டு அரை மணி நேரத்துல மறுபடி அடிச்சிரலாம்.

அதனால நான் சிலிக்கான் பக்கம். ஆனா ஓட்டை பூரா சிலிக்கான நிரப்பாதீங்க. மொதல்ல பைப்ப விட ஒரு அங்குலம் பெரிய எஸ்எஸ் ஸ்லீவ் (வெளிக்குழாய்) ஒண்ண சுவர்ல சிமென்ட் வெச்சு பதிச்சாச்சு, பைப் அதுக்குள்ள சும்மா நழுவும். நடுவுல செராமிக் ஃபைபர் கயிறு சுத்தி இறுக்கி அடைச்சேன், அது 1000 டிகிரிக்கு மேல தாங்கும் (மாஸ்க் போட்டுக்கங்க, தூசி நுரையீரலுக்கு ஆகாது). வெளிப்பக்க வாய்ல மட்டும் 10 மில்லிமீட்டர் ஆழத்துக்கு சிலிக்கான், சோப்புத் தண்ணி தொட்ட வெரலால இழுத்து விட்டேன். பைப், ஸ்லீவ் ரெண்டுலயும் மட்டும்தான் அது ஒட்டணும், பின்னாடி கயிறுலயும் கெட்டியா புடிச்சுகிட்டா இழுபட வழியில்லாம கிழிஞ்சிடும். வாங்கும்போது நியூட்ரல் க்யூர்னு (காயும்போது அமிலம் விடாத வகை) கேட்டு வாங்குங்க, வினிகர் வாசம் அடிக்கிற சிவப்பு டியூப் சிமென்ட் மேல சரியா ஒட்டாது, ஜிஐ (துத்தநாகம் பூசின இரும்பு) ஸ்லீவா இருந்தா துருவும் ஏத்தும்.

ஃபயர் சிமென்ட் வேஸ்ட்னு சொல்லல. ஸ்டவ் கழுத்துல பைப் உக்கார்ற இடத்துக்கு அதுதான் சரி, அங்க சிலிக்கான் கருகிடும். பூசினதும் பெருந்தீ போடாம சின்னத் தீயா ரெண்டு மூணு தடவ காய விடணும். மரச் சுவர்னா மட்டும் இது எதுவும் செல்லாது, ஒத்தப் பைப்புக்கும் (ஒரே அடுக்கு தகடு பைப்) மரத்துக்கும் நடுவுல 18 அங்குலம் விடணும், எந்த சீலன்டும் அந்த எடைவெளிக்கு ஈடாகாது.

என் சிலிக்கான் பாத்தது ஒரு ஐப்பசி மழையும் ஒரு பனிக்காலமும்தான், அஞ்சு வருஷம் தாங்குமான்னு இப்பவே அடிச்சுச் சொல்ல மாட்டேன். புரட்டாசி கடைசில ஏணி போட்டு கட்டவெரலால சுத்தி அமுக்கிப் பாத்தேன், இன்னும் ரப்பர் மாதிரி மெத்துனு இருக்கு, கீழ்ப்பக்கம் ரெண்டு அங்குலத்துக்கு மட்டும் ஓரம் தூக்கியிருந்துச்சு, அத மட்டும் வெட்டி எடுத்துட்டு புதுசா அடிச்சிருக்கேன்.