வளாகப் பராமரிப்புக்குக் கியூஜிஐஎஸ்: ஒரு பல்கலைக்கழகப் பொறியியல் பிரிவின் மதிப்புரை

எல்லாக் கட்டடங்களுக்கும் ஆட்டோகேடில் வரைபடம் இருக்கும்போது இன்னொரு மென்பொருள் எதற்கு என்று எங்கள் பல்கலைக்கழகத்தின் கட்டடக் குழுக் கூட்டத்தில் மூத்த பேராசிரியர் ஒருவர் கேட்டார். அந்தக் கேள்வியில் நியாயம் இருந்தது. கட்டடத்தின் பிளானையும் ஊரின் மேப்பையும் தமிழில் ‘வரைபடம்’ என்ற ஒரே சொல்லால் குறித்துப் பழகிவிட்டோம். அதனால் இரண்டும் ஒரே வேலையைத்தான் செய்கின்றன என்ற எண்ணம் இயல்பாக வந்துவிடுகிறது. இங்கே முன்னதைக் கட்டட வரைபடம் என்றும் பின்னதை நிலப்படம் என்றும் பிரித்தே எழுதுகிறேன். வளாகப் பொறியியல் பிரிவில் பணியாற்றும் பொறியாளர் என்ற முறையில் கடந்த மூன்று ஆண்டுகளாக கட்டட வரைபட மென்பொருளான ஆட்டோகேடையும் நிலப்பட மென்பொருளான கியூஜிஐஎஸ்ஸையும் அருகருகே வைத்துப் பயன்படுத்தி வருகிறேன்; இதே வேலையைத் தொடங்க நினைக்கும் பிற நிறுவனங்களின் பொறியாளர்களுக்குப் பயன்படட்டும் என்றே இந்த மதிப்புரையை எழுதுகிறேன்.

ஆட்டோகேட் 1982ஆம் ஆண்டு வெளிவந்தது முதல் இன்றுவரை, கட்ட வேண்டியதை வரைந்து காட்டுவதற்கான கருவியாகவே இருந்துவருகிறது. சுவரின் தடிமன், கதவின் அகலம், கம்பியின் இடம் என்று கட்டுபவருக்குத் தேவையான எதையும் மில்லிமீட்டர் பிசகாமல் அதில் காட்டலாம். ஆனால் எங்களிடம் இருந்த கோப்புகளைத் திறந்து ஓர் அறையைப் பார்த்தால், சில கோடுகளும் அவற்றின் நடுவே ‘வேதியியல் ஆய்வகம்’ என்ற எழுத்தும்தான் இருக்கும். நம் கண் அதை அறையாகப் பார்க்கிறது. கோப்பைப் பொறுத்தவரை அவை ஒன்றோடொன்று தொடர்பில்லாத கோடுகளும் ஒரு சொல்லும். முதல் மாடியில் எத்தனை ஆய்வகங்கள் உள்ளன, அவற்றின் மொத்தப் பரப்பு எவ்வளவு என்று கேட்டால், வரைவாளர் ஒருவர் உட்கார்ந்து எண்ணித்தான் சொல்ல வேண்டும். நிலப்பட மென்பொருளில் அதே அறை ஒரு மூடிய வடிவம். அதற்கு அட்டவணையில் ஒரு வரிசை உண்டு. அந்த வரிசையில் அறை எண், தளம், துறை, பயன்பாடு, இருக்கைகள், கடைசியாகச் சுண்ணாம்பு அடித்த ஆண்டு என்று எதை வேண்டுமானாலும் எழுதி வைக்கலாம். உயர்கல்வி நிறுவனங்களுக்குத் தரச்சான்று வழங்கும் நாக் அமைப்பின் மதிப்பீட்டில் நான்காவது அளவுகோல் உள்கட்டமைப்பைப் பற்றியது. அதற்காக ஒவ்வொரு முறையும் துறைகளிடமிருந்து பரப்பளவைக் கேட்டு வாங்கிக் கூட்டிப் பார்த்தபோது, அந்தத் தொகை கட்டடத்தின் மொத்தப் பரப்போடு ஒருபோதும் பொருந்தியதில்லை. எங்களை நிலப்படத்தின் பக்கம் திருப்பியது இந்தப் பொருந்தாமைதான்.

கியூஜிஐஎஸ், கேரி ஷெர்மன் என்பவர் 2002ஆம் ஆண்டு தொடங்கிய திறந்த மூல மென்பொருள். 2013 வரை இதன் பெயர் குவாண்டம் ஜிஐஎஸ். விண்டோஸ், லினக்ஸ், மேக் ஆகிய மூன்றிலும் இயங்கும். உரிமக் கட்டணம் இல்லை. நீண்டகால ஆதரவுள்ள பதிப்பு என்று தனியாக ஒன்று உண்டு. அலுவலகப் பயன்பாட்டுக்கு அதையே நிறுவிக்கொள்ள வேண்டும், புதிய வசதிகளுக்கு ஆசைப்பட்டு அடிக்கடி மாற்றக் கூடாது.

பழைய கோப்புகளை நிலப்படத்துக்குள் கொண்டுவருவதுதான் மொத்த வேலையிலும் கடினமான பகுதி. டிடபிள்யூஜி ஆட்டோகேடின் சொந்தக் கோப்பு வடிவம். அதை இறக்கிக்கொள்ளும் வசதி கியூஜிஐஎஸ்ஸில் இருந்தாலும் அண்மைப் பதிப்புகளில் சேமித்த கோப்புகளுக்கு அதை நம்பியிருக்க முடியாது. ஆட்டோகேடிலேயே, பிற மென்பொருள்களும் படிக்கக்கூடிய டிஎக்ஸ்எஃப் வடிவத்தில் சேமித்துத் தருவதுதான் பாதுகாப்பான வழி. அப்படித் தந்தாலும் அளவுக்கோடுகள், மேசை நாற்காலிகள், தரை ஓட்டின் கோலங்கள் என எல்லாம் ஒரே குவியலாக வந்து சேரும். ஆகவே தேவையற்ற அடுக்குகளை (லேயர்களை) முன்னதாகவே நீக்கிவிட வேண்டும். இதைவிடப் பெரிய சிக்கல் கதவு. கட்டட வரைபடத்தில் கதவு இருக்கும் இடத்தில் சுவர்க்கோடு அறுந்திருக்கும். கோடுகளிலிருந்து மூடிய வடிவங்களை உருவாக்கும் கருவியை அப்படியே இயக்கினால் அறைகள் கதவு வழியாக வெளியேறித் தாழ்வாரத்தோடு கலந்துவிடும். பல வழிகளை முயன்ற பிறகு, ஆட்டோகேடிலேயே ஒரு தனி அடுக்கைத் தொடங்கி, ஒவ்வோர் அறையின் உட்சுவரை ஒட்டி மூடிய பாலிலைன் (பல பகுதிகள் இணைந்த ஒரே தொடர்கோடு) வரைவது என்ற முடிவுக்கு வந்தோம். மூன்று தளக் கட்டடம் ஒன்றுக்கு எங்கள் வரைவாளருக்கு இரண்டு நாட்கள் ஆயின. அலுப்பூட்டும் வேலைதான், ஆனால் குறுக்குவழி எதுவும் இதற்கு ஈடாகவில்லை.

அறைப் பெயர்களை வடிவங்களோடு இணைப்பதில் கியூஜிஐஎஸ் நன்றாக உழைக்கிறது. இருப்பிடத்தின் அடிப்படையில் பண்புகளை இணைக்கும் கருவி, எந்த எழுத்து எந்த வடிவத்துக்குள் விழுகிறது என்று பார்த்துப் பெயரை அந்த அறைக்கு எழுதிவிடும். கழிப்பறை போன்ற சிறிய இடங்களில் மட்டும் எழுத்தை வெளியே எழுதி அம்புக்குறி போட்டிருப்பார்கள். அங்கே பெயர் பக்கத்து அறைக்குப் போய்விடும் என்பதால் அவற்றைக் கையால்தான் சரிபார்க்க வேண்டும். பழைய வரைபடங்கள் சிலவற்றில் தமிழ்ப் பெயர்கள் ஒருங்குறிக்கு (யூனிகோடுக்கு) முந்தைய எழுத்துருக்களில் இருந்தன. எழுத்துரு மாறியதும் அவை ஆங்கில எழுத்துகளின் சிதறலாகத் தெரிந்தன. அவற்றை ஒருங்குறிக்கு மாற்றிய பிறகு நிலப்படத்தில் தமிழ்ப் பெயர்கள் ஒற்றும் கொம்பும் பிறழாமல் வந்ததைப் பார்த்தது எனக்கு மிகுந்த மகிழ்ச்சியைத் தந்தது.

அடுத்தது, வரைந்ததை நிலத்தில் உரிய இடத்தில் பொருத்துவது. கட்டட வரைபடத்தை மில்லிமீட்டரில், தாளின் மூலையைச் சுழியாகக் கொண்டு வரைந்திருப்பார்கள். அதை மாற்றாமல் நிலப்படத்தில் போட்டால் 30 மீட்டர் நீளமுள்ள கட்டடம் 30 கிலோமீட்டருக்கு விரிந்து கிடக்கும். ஆயத்தொலைவுகளுக்கு, உலகை மண்டலங்களாகப் பிரித்து இருப்பிடத்தை மீட்டரில் குறிக்கும் யுடிஎம் முறையைப் பயன்படுத்துவோர் தம் வளாகம் எந்த மண்டலத்தில் உள்ளது என்பதை முதலில் உறுதிசெய்துகொள்ள வேண்டும். கிழக்குத் தீர்க்கரேகை 78 பாகை தமிழ்நாட்டை இரண்டாகப் பிரிக்கிறது: சென்னை, திருச்சி, மதுரை ஆகியவை 44ஆம் மண்டலத்திலும், கோயம்புத்தூரும் திருநெல்வேலியும் 43ஆம் மண்டலத்திலும் வருகின்றன. கோடுகளாலும் புள்ளிகளாலும் ஆன கட்டட வரைபடத்தை நேரடியாக நிலத்தில் பொருத்தும் வசதி 2022இல் வந்த 3.26ஆம் பதிப்பிலிருந்து கியூஜிஐஎஸ்ஸில் கிடைக்கிறது. அதற்கு முன் படங்களை மட்டுமே அப்படிப் பொருத்த முடிந்தது. கட்டட மூலைகளின் இருப்பிடங்களை எங்கள் கட்டடப் பொறியியல் துறை மாணவர்கள் இருப்பிடத்தைத் துல்லியமாகக் காட்டும் டிஜிபிஎஸ் கருவியால் அளந்து தந்தார்கள். பொருத்தும்போது ஹெல்மெர்ட் உருமாற்றத்தைத் தேர்ந்தெடுப்பதே நல்லது என்பது என் கருத்து. அது வரைபடத்தை நகர்த்தும், திருப்பும், ஒரே சீராகப் பெரிதாக்கும் அல்லது சிறிதாக்கும், செங்கோணத்தைக் குலைக்காது. மற்ற முறைகளில் பிழை குறைந்ததுபோல் எண் காட்டும், ஆனால் கட்டடம் லேசாகச் சாய்ந்துவிட்டிருக்கும்.

பரப்பளவைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் பூசல்கள் எல்லாம் இங்கேதான் தொடங்குகின்றன. உள்ளளவு 6 மீட்டருக்கு 9 மீட்டர் உள்ள வகுப்பறையின் தரைப்பரப்பு 54 சதுர மீட்டர். அதே அறையை 230 மில்லிமீட்டர் சுவரின் மையக்கோட்டை ஒட்டி வரைந்தால் 57.5 சதுர மீட்டர் வரும்; வேறுபாடு ஏறத்தாழ 38 சதுர அடி. நூறு அறைகளுக்கு இது எவ்வளவு பெருகும் என்பதை எண்ணிப் பார்த்தால், துறைகள் தந்த கணக்கு ஏன் பொருந்தவில்லை என்பது விளங்கும். சுவர்களையும் சேர்த்த அடித்தளப் பரப்பு, சுவர்களை நீக்கிய தரைவிரிப்புப் பரப்பு (கார்ப்பெட் ஏரியா) ஆகியவற்றை அளக்கும் முறைக்கு ஐஎஸ் 3861 என்ற இந்தியத் தரநிலை இருக்கிறது. அதையே அடிப்படையாகக் கொண்டோம். மென்பொருளுக்குள்ளும் ஒரு நுட்பம் உண்டு. கியூஜிஐஎஸ்ஸில் டாலர் குறியோடு எழுதும் ஏரியா என்ற கட்டளை புவியின் வளைவைக் கணக்கில் கொள்ளும். குறி இல்லாமல் எழுதும் ஏரியா தட்டையான கட்டத்தில் அளக்கும். யுடிஎம் மண்டலத்தின் நடுக்கோட்டில் ஒரு கிலோமீட்டர் நீளம் 40 சென்டிமீட்டர் குறைவாகவே காட்டும் என்பதால், இரண்டின் விடைகளும் சிறிதளவு மாறுபடும். ஓர் அறைக்கு இது பொருட்டல்ல. வளாகத்தின் மொத்த நிலத்தை வருவாய்த்துறைப் பதிவோடு ஒப்பிடும்போது எந்தக் கட்டளையைப் பயன்படுத்தினோம் என்று குறித்து வைத்திருக்க வேண்டும்.

இவை எல்லாவற்றையும்விட எங்களுக்கு அதிக நேரம் பிடித்தது அறை எண்கள். ஒரே அறைக்குக் கட்டட வரைபடத்தில் ஓர் எண், கதவில் வேறோர் எண், தேர்வுப் பிரிவின் பட்டியலில் இன்னோர் எண், மாணவர் பேச்சில் ‘பெரிய லேப்’ என்ற பெயர். எந்த மென்பொருளாலும் இதைத் தீர்த்துவைக்க முடியாது. கடைசியில் எங்களுக்குக் கைகொடுத்தது காவலர் அறையில் இருந்த சாவிப் பலகை. ஒவ்வொரு சாவியிலும் கட்டியிருந்த பித்தளை வில்லையில் பொறித்த எண், அந்தச் சாவி எந்தக் கதவைத் திறக்கிறது என்று சோதித்துப் பார்த்துவிடலாம் என்பதால், பொய் சொல்ல முடியாத ஆவணமாக இருந்தது. சாவிகளை எடுத்துக்கொண்டு காவலரோடு தளம் தளமாக நடந்து ஒவ்வோர் அறைக்கும் மாறாத அடையாள எண் ஒன்றைக் கொடுத்தோம். பழைய எண்கள் அனைத்தையும் நீக்காமல் தனிப் பத்திகளில் வைத்துக்கொண்டோம். பயன்பாட்டை வகைப்படுத்த, அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் நெடுங்காலமாகப் பின்பற்றும் எண்முறையிலிருந்து (வகுப்பறைக்கு 110, பயிற்சி ஆய்வகத்துக்கு 210, அலுவலகத்துக்கு 310) எங்களுக்குப் பொருந்துவனவற்றை எடுத்துக்கொண்டோம். இந்தப் பட்டியலைக் கியூஜிஐஎஸ்ஸின் படிவத்தில் தெரிவுப் பெட்டியாக அமைத்துவிட்டால், ஒருவர் ‘லேப்’ என்றும் இன்னொருவர் ‘ஆய்வகம்’ என்றும் எழுதும் குழப்பம் அதோடு நின்றுவிடும். படிவங்களை அமைக்கும் இந்த ஒரு வசதிக்காகவேகூட இந்த மென்பொருளைப் பரிந்துரைப்பேன்.

கட்டடங்களுக்கு வெளியே, மண்ணுக்கு அடியில் இருப்பவற்றுக்கு நிலப்படம் இன்னும் முக்கியம். எங்கள் வளாகத்தில் குடிநீர்க் குழாய்களின் வால்வுகள் எங்கே இருக்கின்றன என்பது ஓய்வுபெறும் நிலையில் இருந்த ஒரு பிளம்பரின் நினைவில் மட்டுமே இருந்தது. அவரோடு நடந்து அவர் காட்டிய ஒவ்வோர் இடத்தையும் கியூஃபீல்ட் என்ற கைப்பேசிச் செயலியில் புகைப்படத்தோடு பதிந்தோம். கியூஜிஐஎஸ்ஸில் அமைத்த படிவம் அப்படியே இந்தச் செயலியிலும் திறக்கும் என்பதும், இணைய இணைப்பு இல்லாத இடத்திலும் இயங்கும் என்பதும் பெரிய வசதிகள். ஆனால் கைப்பேசியின் இருப்பிடம் திறந்த வெளியிலேயே சில மீட்டர்கள் பிசகும். வேப்பமரத்து அடியில் கேட்கவே வேண்டாம். ஐந்து மீட்டர் தள்ளிக் காட்டும் வால்வைத் தேடித் தோண்டினால் வேறு கேபிள் அறுபடும். எனவே ஒவ்வொரு வால்வுக்கும் கட்டடத்தின் இரண்டு மூலைகளிலிருந்து டேப்பால் அளந்து எழுதிக்கொண்டு வந்தோம். இரு வட்டங்கள் வெட்டும் புள்ளியைக் கண்டு தரும் வரைகருவி கியூஜிஐஎஸ்ஸில் இருப்பதால், அலுவலகத்தில் அமர்ந்து அந்த இடங்களைச் சரியாகக் குறிக்க முடிந்தது. அவர் பணி ஓய்வு பெறுவதற்கு இரண்டு வாரம் முன்பு கடைசி வால்வைப் பதிந்தோம்.

குறைகளையும் சொல்ல வேண்டும். ஜியோபேக்கேஜ் என்ற ஒற்றைக் கோப்பில் தரவை வைத்துத் தொடங்குவது எளிது. ஆனால் அந்தக் கோப்பை அலுவலக வலைப்பின்னலில் வைத்து ஒரே நேரத்தில் பலர் திருத்துவதற்கு அது உகந்ததன்று. இரண்டு பேருக்கு மேல் திருத்தும் நிலை வந்தால் போஸ்ட்ஜிஐஎஸ் தரவுத்தளத்துக்கு மாறித்தான் ஆக வேண்டும். அதை நிறுவிப் பராமரிக்கக் கணினி மையத்தின் துணை தேவைப்படும். புகார் பதிவு, பணி ஆணை, உதிரிப்பாகக் கணக்கு ஆகியவை கியூஜிஐஎஸ்ஸில் இல்லை. அது அதற்கான மென்பொருளும் அன்று. பதிவாளர் அலுவலகத்தில் உள்ளவர்கள் இதைத் திறந்து பார்ப்பார்கள் என்று எதிர்பார்ப்பது வீண். அவர்களுக்கு அட்லஸ் என்ற வசதியால் தளத்துக்கு ஒரு பக்கமாகப் பிடிஎஃப் எடுத்துக் கொடுக்கிறோம்; அச்சுத்தரம் மிக நன்றாக இருக்கிறது.

கட்டணம் செலுத்தும் மாற்றுகளில் எஸ்ரி நிறுவனத்தின் ஆர்க்ஜிஐஎஸ் இண்டோர்ஸ் குறிப்பிடத்தக்கது. வளாகம், கட்டடம், தளம், அறை என்று அடுக்கடுக்கான தரவு அமைப்பு அதில் ஆயத்தமாகவே வருகிறது. கட்டடத்துக்குள் வழி காட்டும் வசதியும் உண்டு. நிதி வசதியும் பயிற்சி பெற்ற ஆட்களும் உள்ள நிறுவனங்களுக்கு அது ஏற்றது. ஆனால் அறை எண்களே தீராத நிலையில் அதை வாங்குவது பயன் தராது. நாங்கள் அந்த நான்கு அடுக்கு அமைப்பைப் பின்பற்றியே எங்கள் அட்டவணைகளை அமைத்தோம். பிற்காலத்தில் மாற நேர்ந்தால் எளிதாக இருக்கும். ஆட்டோகேடின் கல்வி உரிமம் இலவசம் என்பதால் அதையே வளாகப் பிரிவிலும் நிறுவிக்கொள்ளலாம் என்று சிலர் கருதுகிறார்கள். அந்த உரிமம் கற்றல், கற்பித்தல், ஆய்வு ஆகியவற்றுக்கு உரியது. நிர்வாகப் பணிக்குச் சந்தா தனியாகச் செலுத்தியாக வேண்டும். புதிய கட்டடங்களை வரைய ஆட்டோகேட் தொடர்ந்து தேவைப்படுவதால் நாங்கள் ஓர் உரிமத்தை மட்டும் வைத்துக்கொண்டு, மற்ற கணினிகளில் கியூஜிஐஎஸ்ஸைப் பயன்படுத்துகிறோம்.

இந்த ஆண்டு முதல் ஒப்பந்தப் புள்ளி ஆவணத்தில் ஒரு நிபந்தனையைச் சேர்த்திருக்கிறோம். கட்டி முடித்த நிலையைக் காட்டும் வரைபடத்தை, அறைகளுக்கான மூடிய பாலிலைன் அடுக்கோடும் நாங்கள் கொடுத்த அறை எண்களோடும் டிஎக்ஸ்எஃப் வடிவில் ஒப்படைத்த பிறகே ஒப்பந்ததாரரின் இறுதிப் பட்டியல் தொகைக்குப் பரிந்துரைப்போம். அடுக்குகளின் பெயர்கள் அடங்கிய மாதிரிக் கோப்பைப் பணி ஆணையோடு சேர்த்தே கொடுத்துவிடுகிறோம். இந்த முறையில் வந்த முதல் விடுதிக் கட்டடம் அரை நாளில் நிலப்படத்தில் ஏறியது.