‘ஏபி செட்’ ஸ்மார்ட் ஸ்பீக்கர்: லைட் எரியும், சத்தம் வரும், உங்கள் கணக்கில் மட்டும் ஏறாது

தீபாவளிக்கு முன்பும் ஆண்டிறுதியிலும் கோலாலம்பூரின் புக்கிட் பிந்தாங் மின்னியல் கடைகளில், ஷாப்பியில், முடா விளம்பரத் தளத்தில், ஃபேஸ்புக் மார்க்கெட்பிளேஸில் எல்லாம் வைஃபை ஸ்பீக்கர்கள் பாதி விலைக்கு வந்து குவிகின்றன. பெரும்பாலும் ஏபி செட் (நிறுவனத்தின் உள்ளூர் முகவர் வழியாக வராமல் வணிகரே இறக்குமதி செய்தது), சைனா செட் (சீனச் சந்தைக்காகத் தயாரானது), இல்லையென்றால் வெளிநாட்டில் ஒருவர் பயன்படுத்திக் கழித்துப்போட்டவை. எல்லாமே ஏமாற்று என்று சொல்லவில்லை. நல்ல பொருளும் கிடைக்கிறது. ஆனால் ஏமாறுகிறவர்கள் எல்லாரும் ஒரே இடத்தில்தான் சறுக்குகிறார்கள். கடைக்காரர் தரும் ஒரு மாத ‘கடை வாரண்டி’ வன்பொருளுக்கு மட்டும். இந்த வகை ஸ்பீக்கரில் சிக்கல் வருவதோ, அதை இயக்கும் செயலியிலும் அதில் உள்ள பயனர் கணக்கிலும்.

செந்தூலைச் சேர்ந்த ஒரு குடும்பத்துக்கு நேர்ந்ததைப் பாருங்கள். கடையின் பெயர் இங்கே வேண்டாம், முறைதான் முக்கியம். சோனோஸ் பிளே:5 ஒன்று, சோனோஸ் எரா 100 ஒன்று, இரண்டையும் சேர்த்து ‘ஸ்டீரியோ செட்’ என்று ஆயிரத்து இருநூறு ரிங்கிட்டுக்கு விற்றார்கள். கூடவே ஓர் அமேசான் எக்கோ டாட் இலவசம். கடையில் இரண்டு ஸ்பீக்கரிலும் பாட்டு அருமையாக ஓடியது. ஓடியது கடையின் வைஃபையில், கடைக்காரரின் இரண்டு கைப்பேசிகளில், அவருடைய கணக்குகளில். வீட்டுக்கு வந்து செயலியைத் திறந்தால் எரா 100 மட்டும் சேர்ந்தது. பிளே:5 இந்தச் செயலிக்கு ஒத்துவராது என்று வந்தது. எக்கோ டாட் வேறு ஒருவர் கணக்கில் பதிவாகியிருப்பதாகச் சொல்லி நின்றுவிட்டது. மறுநாள் கடைக்குப் போனால், “அண்ணே, லைட்டு எரியுது, சத்தம் வருது. இதுக்கு மேல உங்க வீட்டு வைஃபை பிரச்சினை லா” என்று பதில்.

வைஃபைக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. 2020 ஜூனில் சோனோஸ் தன் செயலியை எஸ்1, எஸ்2 என்று இரண்டாகப் பிரித்தது. முதல் தலைமுறை பிளே:5, பிரிட்ஜ், 2015 வரை தயாரான கனெக்ட், கனெக்ட்:ஆம்ப் ஆகியவை எஸ்1-இல் மட்டுமே ஓடும். எரா, ஆர்க், ஃபைவ், ரோம் எல்லாம் எஸ்2-இல் மட்டும். இரண்டையும் ஒரே அமைப்பில் இணைக்க வழியே கிடையாது. ஒருவேளை இணைந்தாலும் ஸ்டீரியோ ஜோடிக்கு இரண்டும் பொதுவாக ஒரே மாடலாக இருக்க வேண்டும். ஆக, அந்த ‘ஸ்டீரியோ செட்’ பிறக்கும்போதே பொய்.

பிளே:5 என்ற பெயரிலேயே இரண்டு தலைமுறை உண்டு என்பதால் கடைகளுக்கு வசதி. பழையது 2009-இல் எஸ்5 என்ற பெயரில் வந்து பிறகு பெயர் மாறியது. பின்புறம் திருப்பிப் பாருங்கள்: ஈதர்நெட் துளை இரண்டும் ஹெட்ஃபோன் துளையும் இருந்தால், மேலே அழுத்தும் பொத்தான்கள் இருந்தால், அது பழையது. 2015-இல் வந்த இரண்டாம் தலைமுறையில் ஈதர்நெட் ஒன்றுதான், மேலே தொடுபரப்பு. விலையில் பெரிய வித்தியாசம் இருக்க வேண்டிய இரண்டும் கடை மேசையில் ஒரே விலைச்சீட்டோடு நிற்கும்.

இதைவிட மோசமானது ‘ரீசைக்கிள்’ செய்யப்பட்ட சோனோஸ். பழையதைத் திருப்பிக் கொடுத்தால் புதியதில் தள்ளுபடி என்ற திட்டத்தில், உரிமையாளர் செயலியில் ஒரு பொத்தானை அழுத்தினால் 21 நாள் கழித்து அந்த ஸ்பீக்கர் நிரந்தரமாகச் செத்துவிடும். கண்டனம் கிளம்பியதும் 2020 மார்ச்சில் அந்த முறையை நிறுவனம் கைவிட்டது. அதற்கு முன்பு முடக்கப்பட்டவை இன்னும் சந்தையில் சுற்றக்கூடும். அவற்றை எந்த ரிப்பேர் கடையும் உயிர்ப்பிக்க முடியாது.

எக்கோ டாட் கதை வேறு. அமேசான் எக்கோவை வாங்கியவர் தன் கணக்கிலிருந்து அதை நீக்காமல் விற்றால் புதியவரிடம் அது முரண்டு பிடிக்கும். பொத்தானை அழுத்தி ரீசெட் செய்தால் பல நேரம் சரியாகும். மூன்றாம் தலைமுறை டாட்டில் புள்ளி போட்ட ஆக்‌ஷன் பொத்தானை 25 விநாடி அழுத்திப் பிடிக்க வேண்டும். முந்தைய உரிமையாளர் அதைத் தொலைந்ததாகவோ திருடுபோனதாகவோ அமேசானிடம் சொல்லியிருந்தால் எத்தனை முறை ரீசெட் செய்தாலும் பயனில்லை. இலவசமாக வந்ததுதானே என்று விட்டுவிடலாம். ஆனால் இதே டாட்டைத் தனியாகக் காசுக்கு விற்கிறார்கள்.

ஆப்பிள் ஹோம்பாட், ஹோம்பாட் மினி வாங்குவதற்கு முன் வீட்டில் ஐபோனோ ஐபேடோ இருக்கிறதா என்று பாருங்கள். இல்லாவிட்டால் முதல் அமைப்பையே தாண்ட முடியாது. ஆண்ட்ராய்டு கைப்பேசியிலிருந்து புளூடூத்தில் பாட்டு அனுப்பவும் வராது. கம்பியில் இணைக்கும் ஆக்ஸ் துளையும் கிடையாது. ‘எல்லா போனுக்கும் ஓடும்’ என்று சொல்லி ஹோம்பாட் விற்கிறவரிடம் வேறு எதையும் வாங்காதீர்கள். இரண்டு ஹோம்பாட்டை ஜோடி சேர்க்க நினைத்தால், 2018-இல் வந்த முதல் தலைமுறையும் 2023-இல் வந்த இரண்டாம் தலைமுறையும் சேராது. மினியும் பெரியதும் சேராது.

சைனா செட்டில் சியாவ்மியின் ஷாவ் ஆய் ஸ்பீக்கர்கள் மலிவு, ஒலியும் விலைக்கு மோசமில்லை. குரல் உதவி மாண்டரினில் மட்டுமே. செயலியில் வட்டாரத்தைச் சீனப் பெருநிலம் என்று மாற்றினால்தான் பதிவாகும். மாண்டரின் தெரிந்த வீட்டுக்கு நல்ல பொருள். நம் வீட்டுப் பாட்டிக்கு வாங்கினால் அலமாரி அலங்காரம்தான். ‘தமிழ் பேசும்’ என்று எந்தக் கடைக்காரராவது சொன்னால், செயலியின் மொழிப் பட்டியலைத் திறந்து அதில் தமிழை அவரே காட்டட்டும். கைப்பேசியில் தமிழ் புரிந்துகொள்ளும் உதவியாளர் ஸ்பீக்கரிலும் புரிந்துகொள்ளும் என்பதற்கு உத்தரவாதமில்லை.

அடுத்தது, நிறுவனமே கைவிட்ட பொருட்கள். ஹர்மான் கார்டன் இன்வோக் 2017-இல் மைக்ரோசாஃப்ட்டின் குரல் உதவியாளரான கோர்ட்டானாவோடு வந்தது. 2021-இல் கோர்ட்டானா போய்விட்டது, இன்று அது வெறும் புளூடூத் ஸ்பீக்கர். போஸ் சவுண்ட்டச் வரிசைக்கு 2026-இல் கிளவுட் சேவையை நிறுத்துவதாக 2025 அக்டோபரில் அறிவித்தார்கள். ஆக்ஸ், புளூடூத் ஓடும். பிடித்த நிலையங்களைச் சேமித்து வைக்கும் ஆறு பிரீசெட் பொத்தான்களை நம்பி வாங்காதீர்கள். சாதாரண ஸ்பீக்கரை வைஃபையில் சேர்க்கும் கூகுள் குரோம்காஸ்ட் ஆடியோவின் விற்பனை 2019-இலேயே நின்றுபோனது. 2025 மார்ச்சில் அதன் சான்றிதழ் ஒன்று காலாவதியாகி உலகம் முழுக்க அவை முடங்கியபோது, ரீசெட் செய்யாதீர்கள் என்று கூகுளே எச்சரித்தது. பிறகு திருத்தம் வந்தது. ஆகவே அதை வாங்கினால், ‘ரீசெட் பண்ணி வெச்சிருக்கேன்’ என்ற பேச்சை நம்பாமல், உங்கள் கைப்பேசியில் அமைத்துப் பாட்டு ஓடுகிறதா என்று பார்த்த பிறகே காசு கொடுங்கள்.

மின்சாரத்தில் நடக்கும் சின்ன ஏமாற்று ஒன்று. அசல் அடாப்டரை எடுத்துவிட்டு ஏதோ ஒன்றைப் பெட்டியில் போடுவார்கள். கூகுள் நெஸ்ட் மினிக்கு 14 வோல்ட், 1.1 ஆம்பியர். எக்கோ டாட் மூன்றாம் தலைமுறைக்கு 12 வோல்ட், 1.25 ஆம்பியர். இரண்டுக்கும் உருண்டை முனை, பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும். பழைய கூகுள் ஹோம் மினிக்கு 5 வோல்ட், 1.8 ஆம்பியர். அதற்குக் கைப்பேசியின் ஓர் ஆம்பியர் சார்ஜரைச் செருகினால் லைட் எரியும், மெதுவாகப் பாடும், சத்தத்தைக் கூட்டியதும் தானாக அணைந்து மறுபடி எழும். ‘ஸ்பீக்கர் கோளாறு’ என்று பலர் தூக்கிப்போடுவது இதைத்தான். அடாப்டரில் உள்ளீடு 100–240 வோல்ட், 50/60 ஹெர்ட்ஸ் என்று அச்சாகியிருக்க வேண்டும். 100 அல்லது 120 வோல்ட் மட்டும் என்றால் நம் 230 வோல்ட்டில் செருகிய நொடியே புகைதான்.

கடையில் சோதிக்கும் முறை இது. இரண்டு கைப்பேசி கொண்டுபோங்கள். ஒன்றில் ஹாட்ஸ்பாட், மற்றதில் செயலியும் உங்கள் கணக்கும். ஹாட்ஸ்பாட் தருவது ஐபோன் என்றால், பழைய கருவிகளுடன் ஒத்துப்போகும் தெரிவை இயக்கி 2.4 ஜிகாஹெர்ட்ஸுக்குக் கொண்டுவாருங்கள். பழைய ஸ்பீக்கர் பல 5 ஜிகாஹெர்ட்ஸைப் பார்க்கவே பார்க்காது. பிறகு கடைக்காரரையே ரீசெட் செய்யச் சொல்லுங்கள். பெரும்பாலான சோனோஸில் மின்கம்பியைக் கழற்றி, அந்த மாடலுக்கு உரிய பொத்தானை அழுத்திப் பிடித்தபடியே மறுபடி செருகி, விளக்கு ஆரஞ்சும் வெள்ளையுமாக மின்னும்வரை விடக்கூடாது. பச்சையாக மின்னினால் தயார். நெஸ்ட் மினியில் பக்கவாட்டு மைக் சுவிட்சை அணைத்து, மேல் நடுவில் 15 விநாடி அழுத்த வேண்டும். அதன்பின் உங்கள் கணக்கில் முழுதாகச் சேர்த்து, ஒரு பாட்டை ஓட்டி, மின்சாரத்தைப் பிடுங்கி, மறுபடி செருகி, தானாக எழுந்து வருகிறதா என்று பாருங்கள். கால் மணி நேரம் ஆகும். ‘டைம் இல்ல’ என்று சொல்லும் கடைக்காரருக்கு உங்கள் காசை வாங்க மட்டும் நேரம் இருக்கும்.

கடைக்காரர் உங்கள் வீட்டு வைஃபையின் மேல் பழி போட்டால் பிரித்தறிய எளிய வழி உண்டு. வைஃபை கோளாறு என்றால் பெரும்பாலும் செயலிக்கு ஸ்பீக்கரே அகப்படாது, அல்லது வைஃபையில் சேராமல் நிற்கும். கணக்கு அல்லது தலைமுறைக் கோளாறு என்றால் அகப்பட்ட பிறகுதான் மறுக்கும். அந்த மறுப்புச் செய்தியை உடனே படம்பிடித்து வையுங்கள். உண்மையான வைஃபை கோளாறுகளும் நம் ஊரில் சகஜம்: இணைய நிறுவனம் தந்த ரவுட்டருக்குப் பின்னால் சொந்த ரவுட்டர் ஒன்றைப் போட்டு, கைப்பேசி ஒன்றிலும் ஸ்பீக்கர் மற்றதிலும் இருப்பது, விருந்தினர் நெட்வொர்க்கில் சேர்ப்பது, கொண்டோ அல்லது விடுதியின் பொது வைஃபையில் கடவுச்சொல் பக்கம் திறப்பது. கடைசி வகையைப் பல ஸ்பீக்கர்களால் தாண்ட முடியாது, வாங்கும் முன்பே யோசியுங்கள்.

ரசீதில் மாடல் பெயர், தலைமுறை, அடியில் உள்ள சீரியல் எண், ‘புதிய கணக்கில் பதிவு செய்ய முடியும்’ என்ற ஒரு வரி, இந்த நான்கும் மலாயிலோ ஆங்கிலத்திலோ இருக்கட்டும். ‘விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது’ என்ற முத்திரையைப் பார்த்து மிரள வேண்டாம்; 1999 பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டம் தரும் உரிமையைக் கடையின் முத்திரை பறிக்க முடியாது. பயனீட்டாளர் தீர்ப்பாயத்தில் ஐம்பதாயிரம் ரிங்கிட் வரை கோரலாம், கட்டணம் ஐந்து ரிங்கிட், மூன்று ஆண்டுக்குள் மனு செய்ய வேண்டும், வழக்கறிஞர் தேவையில்லை. தீர்ப்பு வந்து 14 நாளில் கடை பணம் தராவிட்டால் அது குற்றம். பினாங்கில் இருப்பவர்கள் பினாங்கு பயனீட்டாளர் சங்கத்திடம் முதலில் ஆலோசனை கேட்கலாம். ஷாப்பியில் வாங்கினால், உங்கள் கணக்கில் ஏறும்வரை பொருள் கிடைத்ததை உறுதிசெய்யும் பொத்தானைத் தொடாதீர்கள். தொட்டதும் பணம் விற்றவருக்குப் போய்விடும்.

வணிகராக அல்லாமல் தன் வீட்டுப் பொருளை விற்கும் தனி ஆளிடம் வாங்கினால் தீர்ப்பாயம் உதவாது. அப்படிப்பட்டவரை நேரில் சந்தித்து, அவர் கைப்பேசியில் அவர் கணக்கிலிருந்து ஸ்பீக்கரை நீக்குவதைக் கண்ணால் பார்த்து, உங்கள் கைப்பேசியில் சேர்த்த பிறகே பணத்தை மாற்றுங்கள். முன்பணம் கேட்டால் அடுத்த விளம்பரத்தைப் பாருங்கள்.