சாம்பிள் அசல், சரக்கு கலப்படம்: அவுரி நீலம் வாங்குகிறவர்கள் கவனத்துக்கு

நாகர்கோவிலில் இருந்து ஒரு அம்மா அனுப்பிய போட்டோவில் குழந்தையின் நெற்றி நீலமாக இருந்தது. புருவத்துக்கு மேலே, காதோரம், தொப்பியின் விளிம்பு பட்ட இடமெல்லாம் கோடு கோடாக. கூடவே ஒரு வரி: "இயற்கைச் சாயம்னுதானே சொன்னீங்க?"

அந்தத் தொப்பிக்கு நூலைச் சாயத்தில் முக்கியதும் நான்தான், பின்னியதும் நான்தான். உடனே என்ன பதில் எழுதுவது என்று தெரியவில்லை. மன்னிப்புக் கேட்டு, தொப்பியைக் கழற்றிவிடச் சொன்னேன். பணத்தை அன்றைக்கே அனுப்பினேன். அதன் பிறகுதான் அந்த நூலுக்குப் போட்ட சாயப்பொடி மூட்டையை எடுத்து ஒழுங்காகச் சோதித்தேன். வாங்கிய அன்றைக்கே செய்திருக்க வேண்டிய வேலை அது.

பாளையங்கோட்டையில் வீட்டு மாடியில் பின்னலுக்கும் இயற்கைச் சாயத்துக்குமாக ஒரு சின்ன ஸ்டூடியோ வைத்திருக்கிறேன். ஆறு வருஷமாகிறது. நானும் இரண்டு அக்காமாரும்தான் ஆட்கள், சனிக்கிழமை வகுப்பு. வருகிறவர்கள் எல்லாரும் முதலில் கேட்பது, "இந்த வெயில்ல எவன் ஸ்வெட்டர் போடுவான்?" என்பதுதான். நாங்கள் பின்னுவது பெரும்பாலும் பருத்தி நூலில்: குழந்தைத் தொப்பி, காலுறை, போர்வை. கால்டுவெல்லின் மனைவி எலிசா இடையன்குடிப் பெண்களுக்கு லேஸ் பின்னக் கற்றுக்கொடுத்த சீமையில், பின்னலை ஏதோ ஊட்டிச் சரக்கு மாதிரி பார்ப்பதுதான் எனக்கு ஆச்சரியம். அது இருக்கட்டும்.

நீலத்துக்கு, அதாவது அவுரி இலையில் இருந்து எடுக்கிற சாயத்துக்கு, வழக்கமாக நான் வாங்கும் இடத்தில் அந்த மாதம் சரக்கு இல்லை. கையில் 14 வளைகாப்பு செட் ஆர்டர். அப்போதுதான் அவுரி நீலம் விற்கிற ஒரு ஆள் போனில் வந்தார். எங்கள் வகுப்பில் படித்த ஒரு பெண்ணின் பெயரைச் சொல்லித்தான் பேசவே ஆரம்பித்தார் (அந்தப் பெண்ணும் அவரிடம் ஏமாந்தவள்தான், அது எனக்குப் பிறகுதான் தெரிந்தது). விழுப்புரம் பக்கம் சொந்தத் தொட்டி, தாத்தா காலத்துத் தொழில் என்றார். அந்தப் பக்கம் அவுரித் தொட்டிகள் நிஜமாகவே இருக்கின்றன. இலையை ராத்திரி முழுக்க ஊற வைப்பது, காலையில் ஆட்கள் இறங்கி நீரை அடித்துக் கலக்குவது, படிந்த நீலத்தைக் காய்ச்சிப் பிழிந்து கட்டி போடுவது என்று தொழிலை அப்படியே ஒப்பித்தார். தொழில் தெரிந்தவன் ஏமாற்றமாட்டான் என்று ஒரு நினைப்பு எனக்கு.

50 கிராம் சாம்பிள் இலவசமாகக் கூரியரில் வந்தது. கட்டியாக இருந்தது. நகத்தால் தேய்த்தால் செம்பு மாதிரி மினுங்கியது. தண்ணீரில் போட்டுப் பார்த்தேன், கரையவில்லை. சின்னப் பானையில் ஒரு சிட்டம் நூலை முக்கி எடுத்தேன், அருமையான நீலம். கிலோ 3,400 ரூபாய், வழக்கமான விலையைவிட 600 குறைவு. இரண்டு கிலோ சொன்னேன். பாதி முன்பணம், மீதி எல்.ஆர். காப்பி அனுப்பியதும்.

இந்த எல்.ஆர். காப்பி விஷயத்தைக் கொஞ்சம் கவனியுங்கள். லாரி ஆபீசில் பார்சலைப் போட்டதற்கான சீட்டு அது, அவ்வளவுதான். உள்ளே என்ன இருக்கிறது என்பதற்கு அது சாட்சி இல்லை. வண்ணார்பேட்டை பார்சல் ஆபீசில் மூட்டையை நான் கையில் வாங்கியபோது முழுப்பணமும் போய்ச் சேர்ந்திருந்தது.

பிரித்தால் பொடி. போன் போட்டேன். "கட்டி வழியில உடைஞ்சு வீணாப் போகுது மேடம், அதான் அரைச்சே அனுப்பிட்டேன். உங்களுக்கும் இடிக்கிற வேலை மிச்சம்ல?" மிச்சம்தான் என்று எனக்கும் சந்தோஷம்.

நீலப் பானை (நீலத்தைக் கரைத்து நூலில் ஏறவைக்கிற பானை) வைக்கிறவர்களுக்குத் தெரியும், கணக்கு 1-2-3: ஒரு பங்கு நீலம், இரண்டு பங்கு நீர்த்த சுண்ணாம்பு, மூன்று பங்கு பழச்சர்க்கரை. நான் சர்க்கரைக்குப் பதில் உடன்குடிக் கருப்பட்டி, கொஞ்சம் தாராளமாகவே போடுவேன். பானை பழுத்தால் மேலே செம்பு நிறத்தில் ஆடை கட்டும், நடுவில் நீல நுரை பூக்கும், ஆடையை விலக்கிப் பார்த்தால் அடியில் மஞ்சள் கலந்த பச்சை. இந்தத் தடவை ஆடை கட்டியது, நுரையும் வந்தது, ஆனால் அடியில் நீலம் போகவே இல்லை. இன்னும் பழுக்கவில்லை என்று மேலும் கருப்பட்டி போட்டேன், சூடு ஏற்றினேன். இரண்டு நாள் இப்படியே போனது.

முக்கி எடுத்த நூல் பச்சையாக வெளியே வந்து, காற்றுப் பட்டதும் கண்ணெதிரே நீலமாக மாற வேண்டும். சனிக்கிழமைப் பிள்ளைகள் அந்த ஒரு நிமிஷத்துக்காகவே வருவார்கள். அன்றைக்கு நூல் நீலமாகவே வந்தது. கூட நின்ற அக்கா, "யம்மா, இது பச்சையா வரலியே" என்றாள். "சூடு பத்தலக்கா" என்றேன். அவள் சரியாகத்தான் சொன்னாள். எனக்கு ஆர்டர் அவசரம்.

அலசும்போது ஆறேழு தண்ணீருக்கு நீலம் போனது. கடைசித் தண்ணீர் ஓரளவு தெளிந்ததும் நிறுத்திவிட்டேன். அப்புறம் பின்னல், பேக்கிங், அனுப்பியாகிவிட்டது. ஐப்பசிப் புழுக்கத்தில் குழந்தைக்கு வியர்த்ததும் சாயம் இறங்கிவிட்டது.

போட்டோ வந்த அன்று ராத்திரி இரண்டு கண்ணாடி டம்ளரில் தண்ணீர் எடுத்தேன். சாம்பிள் கட்டியில் ஒரு துண்டு காகிதப் பொட்டலத்தில் மீந்திருந்தது, நல்லவேளை. அதைப் பொடித்து ஒரு டம்ளரில் தூவினேன். தூசி மாதிரி மேலே மிதந்தது. கலக்கினால் கலங்கியது, கொஞ்ச நேரம் விட்டால் அடியில் படிந்து மேல்தண்ணீர் தெளிந்தது. அவுரி நீலம் வெறும் தண்ணீரில் கரையாது, அதனால்தான் பானை வைத்துப் பழுக்கவைக்கிற பாடெல்லாம். அடுத்த டம்ளரில் மூட்டைப் பொடி ஒரு சிட்டிகை. விழுந்த இடத்தில் இருந்து நீலம் நூல் நூலாக இறங்கியது. அஞ்சு எண்ணுவதற்குள் டம்ளர் முழுக்கப் பேனா மை. ஒரு வெள்ளைத் துணிக் கிழிசலைப் போட்டு எடுத்தேன், பானையும் இல்லை சுண்ணாம்பும் இல்லை, வெறும் தண்ணீரிலேயே சாயம் ஏறிவிட்டது. அடியில் நறநறவென்று வெள்ளையாக ஏதோ தங்கியிருந்தது. மேல்தண்ணீரைக் கொட்டிவிட்டு அதில் எலுமிச்சம்பழம் பிழிந்தேன், நுரைத்தது. சுண்ணாம்புக்கல் பொடி. எடைக்கு அது, நிறத்துக்கு ஏதோ மலிவான ரசாயனச் சாயம், வாசனைக்குக் கொஞ்சம் அசல் அவுரி.

மறுநாள் டவுனில் எனக்குப் பழக்கமான நாட்டு மருந்துக் கடைக்குக் கொண்டுபோனேன். அங்கே அவுரி என்று கேட்டால் அண்ணாச்சி முதலில் கேட்பது, "எந்த அவுரி? பேதிக்கா, தலைக்கா?" பேதிக்கு என்றால் நிலாவாரை. உலகச் சந்தையில் டின்னவேலி சென்னா என்று நம்ம ஊர்ப் பெயரோடு விற்கிறதே, அது. அதையும் இந்தப் பக்கம் அவுரி என்றுதான் சொல்வார்கள். பொட்டலத்தைப் பிரித்து விரலில் தொட்டவர், நாக்கில் வைக்கப் போய், வைக்காமல் துடைத்துக்கொண்டார். "பொடியாவா வாங்குன? நான் மஞ்சளக் கூட கெழங்காத்தான் எடுப்பேன் தாயி."

அந்த ஆளுக்குப் போன் போட்டேன். "உங்க தண்ணி சரியில்ல மேடம்" என்றார். நாங்கள் பயன்படுத்துவது தாமிரபரணிக் குழாய்த் தண்ணீர் என்றேன். "ஆத்துத் தண்ணியில உப்பு ஜாஸ்தி, அதான் சாயம் நிக்கல." ஆறு வருஷமாக அதே தண்ணீரில் நின்ற சாயம்! அதுவரை பொறுமையாகத்தான் பேசினேன், தாமிரபரணியைச் சொன்னதும் குரல் ஏறிவிட்டது. இயற்கைச் சாயம் என்றாலே கொஞ்சம் போகத்தான் செய்யும் என்று அடுத்து ஒரு சமாளிப்பு. சாயங்காலத்துக்குள் என் நம்பரை பிளாக் செய்துவிட்டார்.

கடைசியாக அவர் சொன்னதில் ஒரு துளி உண்மை இருக்கிறது, அதுதான் ஆபத்து. நல்ல அவுரி நீலமும் புதிதில் தேய்த்தால் கையில் லேசாக ஒட்டும். நூலின் மேல் நிற்கிற துகள் உதிர்வது அது. சரியாக அலசிய நூலை வெள்ளைப் பாத்திரத்தில் ஊற வைத்தால் தண்ணீர் நீலமாகாது. இந்த இரண்டையும் குழப்பித்தான் பலரும் தப்பித்துக்கொள்கிறார்கள்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். டம்ளர் சோதனையில் தேறினால் இயற்கை நீலம் என்று முடிவு கட்டிவிட முடியாது. ஆலையில் செய்கிற நீலமும் அடிப்படையில் அதே பொருள்தான். ஜெர்மனியின் பி.ஏ.எஸ்.எஃப். கம்பெனி அதை 1897-ல் சந்தைக்குக் கொண்டுவந்தபோதுதான் நம் அவுரிக் காடுகள் படுக்கத் தொடங்கின. அதுவும் தண்ணீரில் கரையாது, பானையில் பச்சையாகத்தான் பழுக்கும். வீட்டில் கண்டுபிடிக்க வழியில்லை, ஆய்வகம்தான் கதி. டம்ளர் காட்டிக்கொடுப்பது என்னிடம் வந்த மாதிரிக் கலப்படத்தை மட்டும்தான்.

எனக்குப் பயம் நிறத்தைவிட வேறொன்றில். உடம்புக்குக் கெடுதல் என்று அசோ வகை ரசாயனச் சாயங்கள் பலவற்றை நம் நாட்டில் 1990-களிலேயே தடை செய்திருக்கிறார்கள். என் மூட்டையில் இருந்தது எந்தச் சாயம் என்று எனக்குத் தெரியாது. குழந்தை தொப்பியின் நாடாவைச் சப்பும். அதனால் 14 பேருக்கும் நானே போன் போட்டேன். 13 பேருக்கு 1,450 ரூபாய் வீதம் 18,850 திருப்பிக் கொடுத்தாயிற்று. தென்காசியில் ஒருவர் மட்டும் பணம் வேண்டாம், வேறு பின்னித் தாருங்கள் என்றார். நீலத்துக்குக் கொடுத்த 6,800, நூல், கூரியர், அக்காமார் கூலி எல்லாம் தனி.

பில் என்று அவர் அனுப்பியது வெறும் எஸ்டிமேட் சீட்டு, ஜிஎஸ்டி எண் கிடையாது. அதில் இருந்த முகவரிக்கு நோட்டீஸ் அனுப்பினேன், அப்படி ஒரு ஆள் இல்லை என்று திரும்பி வந்தது. தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915-க்குப் போன் செய்து புகார் பதிந்திருக்கிறேன். "நீங்க வியாபாரத்துக்கு வாங்கினது, நுகர்வோர் ஆகமாட்டீங்க" என்று ஒருவர் பயமுறுத்தினார். அது முழுசும் சரியில்லை. சொந்தப் பிழைப்புக்காகச் சுயதொழில் செய்கிறவர் அதற்காக வாங்கியது 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி வியாபார நோக்கம் ஆகாது. மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் 5 லட்சம் வரையான வழக்குக்குக் கட்டணமும் கிடையாது, இரண்டு வருஷத்துக்குள் போடவேண்டும். போகத்தான் போகிறேன், ஆளைப் பிடிக்க வேண்டுமே.

இப்போது கட்டியாக இருந்தால்தான் வாங்குகிறேன். மூட்டையின் மேல், நடு, அடி மூன்றில் இருந்தும் ஒன்றை உடைத்து டம்ளரில் போட்ட பிறகுதான் மீதிப் பணம். சம்மதிக்காதவர்களிடம் நான் பேரம் பேசுவதில்லை. இதே ஆள் சிவப்புச் சாயத்துக்கான மஞ்சிட்டிப் பொடியும் சாயவேர்ப் பொடியும் இருக்கிறது, அனுப்பட்டுமா என்று கேட்டிருந்தார். உங்களிடமும் கேட்கலாம். சாயம் பிடிப்பதற்கான படிகாரம் ஏற்றாத வெள்ளைத் துணியில் அசல் மஞ்சிட்டி மங்கலாகத்தான் பிடிக்கும். பளிச்சென்று சிவந்தால் அந்தப் பொட்டலத்தைத் திருப்பிக் கட்டிவிடுங்கள்.

மீதிப் பொடி ஒரு கிலோ 700 கிராம் தேதி எழுதி, இரண்டு பேர் கையெழுத்துப் போட்டு, டப்பாவில் சீல் வைத்து மாடியில் இருக்கிறது. சாக்கடையில் கொட்ட மனசு வரவில்லை, அது போய்ச் சேருவதும் ஆற்றுக்குத்தானே. நாகர்கோவில் அம்மாவுக்குப் பழைய இடத்து நீலத்தில் வேறொரு தொப்பி பின்னி, காசு வாங்காமல் அனுப்பினேன். ராத்திரி முழுக்க வெள்ளை வாளியில் ஊறவைத்தாராம், தண்ணீர் அப்படியே இருந்ததாம். "இருந்தாலும் ஒரு வாரம் போகட்டும், அப்புறம்தான் பிள்ளைக்குப் போடுவேன்" என்று எழுதியிருக்கிறார்.